திண்ணையோரம் நிற்கும் வண்டிக்கு என்ன காவல்?

வாசகர் கேள்வி – பதில்

இருசக்கர வண்டித் திருட்டைப் பற்றிச் செட்டிநாட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

எங்களுடையது பழைய வீடு. தெருவிலிருந்து நாலு அடி உயரத்தில் முகப்பு. வண்டியை மேலே ஏற்ற வழியில்லை, படிக்குப் பக்கத்தில்தான் இரவு முழுக்க நிற்கிறது. வீட்டில் வயதான அப்பச்சியும் ஆத்தாவும்தான். சைடு லாக் போடுகிறோம். போதுமா?
— வாசகர், கானாடுகாத்தான்

போதாது. ஹேண்டிலைத் திரும்பவிடாமல் பிடித்திருப்பது ஒரு சின்னப் பின்தான். காலால் ஓங்கி உதைத்தால் அது தெறித்துவிடும். பிறகு வண்டியை உருட்டிக்கொண்டு போகலாம். உருட்டக்கூட வேண்டாம். ஸ்ப்ளெண்டர் மாதிரியான 100 சிசி வண்டி சுமார் 112 கிலோதான். இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு சின்னச் சரக்கு வண்டியில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஆகவே சக்கரம் சுழலாமல் பூட்டினால் மட்டும் போதாது, வண்டியை அசையாத ஒன்றோடு பிணைக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் நாங்கள் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

எதோடு பிணைப்பது? முகப்பில் கருங்கல் தூண் இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. பழைய சைக்கிள் ட்யூபைச் செயின்மேல் உறையாக மாட்டிக்கொண்டால் கல்லும் தேயாது, சத்தமும் இருக்காது. பர்மாத் தேக்குத் தூணில் சுற்றாதீர்கள். தினமும் உரசி மெருகு போய்விடும், அதைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. ஜன்னல் கம்பியும் வேண்டாம். துருப்பிடித்த பழைய கம்பியை நெம்பினால் சட்டத்தோடு வந்துவிடும்.

தூண் வசதியாக இல்லையென்றால் தரையில் ஒரு வளையம் பதியுங்கள். ஆங்கர் போல்ட் அடிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நல்ல கான்கிரீட்டிலோ கருங்கல்லிலோ 12 மி.மீ. போல்ட் நிற்கும். சுண்ணாம்புக் காரை பூசிய பழைய சுவரில் நிற்காது. போல்ட் விரியும்போதே காரை பொடிந்துவிடும். ஆத்தங்குடிக் கல்லில் துளை போடுவதை நினைத்தே பார்க்காதீர்கள். சிமெண்ட் கல் அது, விரிசல் விட்டால் அதே பூ, அதே நிறத்தில் மாற்றுக்கல் தேடி அலைய வேண்டியிருக்கும்.

பழைய வீட்டுக்கு ஏற்றது, படிக்கு வெளியே உங்கள் சொந்த இடத்தில் ஒரு கான்கிரீட் கட்டை. ஒரு அடிக்கு ஒரு அடி, ஆழம் ஒன்றரை அடி என்று குழி எடுங்கள். 16 மி.மீ. கம்பி நாலரை அடி வாங்கி, கவிழ்த்த 'ப' போல வளைத்து, அடியில் இருக்கும் இரண்டு முனைகளையும் வெளிப்பக்கமாக மடக்கிவிடச் சொல்லுங்கள். மடக்காவிட்டால் ஜாக்கி வைத்து உருவிவிடலாம். செயின் நுழைய மேலே இரண்டு அங்குலம் விட்டு, 1 பங்கு சிமெண்ட், 1½ மணல், 3 ஜல்லி என்ற கலவையில் நிரப்புங்கள். சிமெண்ட் சுமார் 17 கிலோ பிடிக்கும். ஏழு நாள் தண்ணீர் ஊற்றிய பிறகே செயின் போட வேண்டும். கட்டை மட்டும் நூறு கிலோ வரும், மண்ணும் சேர்ந்து இறுக்கிக்கொள்ளும். கூரைத் தண்ணீர் நேராகக் கொட்டும் இடமாக இருந்தால் கம்பி சீக்கிரம் அரித்துப்போகும், கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

செயின் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஹார்டுவேர் கடையில் எடைக்கு விற்கும் 6 மி.மீ. இரும்புச் சங்கிலியைக் கை கட்டர் நொடியில் கடித்துவிடும். பிளாஸ்டிக் உறை போட்ட கேபிள் லாக் அதைவிட மோசம். கடினப்படுத்திய எஃகில் 10 மி.மீ.க்குக் குறையாத கண்ணி, நாலு அடி நீளம், எடை சுமார் இரண்டரை கிலோ: இப்படிக் கேட்டு வாங்குங்கள். பூட்டின் வளைவுக் கம்பி அதிகம் வெளியே தெரியாத வகையாக இருக்கட்டும். செயின் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பூட்டு மெலிந்திருந்தால் அங்கேதான் கை வைப்பார்கள்.

மாட்டுவதிலும் முறை இருக்கிறது. முன்சக்கரத்தில் மட்டும் கோத்தால், ஆக்சில் நட்டைக் கழற்றிச் சக்கரத்தை விட்டுவிட்டு மீதியைக் கொண்டுபோகலாம். பின்சக்கரத்தையும், அதைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கையான ஸ்விங் ஆர்மையும் சேர்த்துக் கோத்துவிடுங்கள். செயின் தரையில் கிடக்கக் கூடாது. கிடந்தால் கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி, உடல் எடை முழுவதையும் மறுபிடியில் போட்டு வெட்டலாம். வளையம் தரையில் இருந்தாலும் தொய்வில்லாமல் இழுத்துப் பூட்டினால் கண்ணிகள் மேலே நிற்கும். சாவித் துவாரம் கீழே பார்க்கட்டும், தண்ணீரும் செம்மண் தூசியும் இறங்காது.

பூட்டு ஆறே மாதத்தில் இறுகிவிடுகிறது. எண்ணெய் விட்டும் சரியாகவில்லை.
— வாசகி, கோட்டையூர்

எண்ணெய் விட்டால் இன்னும் இறுகத்தான் செய்யும். நம் பக்கத்துச் செம்மண் புழுதி எண்ணெயோடு சேர்ந்து உள்ளே களிம்பாகிவிடும். துரு நீக்கும் ஸ்ப்ரேயை அடித்து அழுக்கை ஓடவிட்டு, ஒரு நாள் உலர விடுங்கள். பிறகு கிராஃபைட் பொடியைத் துவாரத்தில் தூவிச் சாவியைப் பத்து முறை போட்டெடுங்கள். கிராஃபைட் கிடைக்காவிட்டால் பென்சில் கரியைச் சாவியின் பல்லில் தேய்த்தாலும் வேலை செய்யும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்தால் போதும்.

கல்லூரியில் நிறுத்த அலாரம் வைத்த டிஸ்க் லாக் வாங்கினேன். லாரி போனாலே கத்துகிறது. ஒருநாள் பூட்டியதை மறந்து கிளப்பி விழப் பார்த்தேன்.
— மாணவர், காரைக்குடி

முதலில் மறதிக்கு வழி. பூட்டிலிருந்து ஹேண்டில் வரை ஆரஞ்சு நிறச் சுருள் கேபிள் ஒன்றைக் கட்டுங்கள், கடைகளில் தனியாகவே கிடைக்கும். பிரேக் கட்டையை அழுத்தும் காலிப்பரை ஒட்டிப் பூட்டைப் போட்டால் சக்கரம் உருள இடமில்லாததால் கிளம்பும்போதே தடுத்துவிடும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில் டிஸ்க்குக்கு உள்பக்கம் சென்சார் வளையம் இருக்கும். பூட்டு அதில் இடித்து வளைந்தால் ஏபிஎஸ் விளக்கு அணையாது. வாங்கும் முன்பே பூட்டின் 'பின்' (முள்) உங்கள் டிஸ்க் துளையில் இறுக்கமாக, அலையாமல் நுழைகிறதா என்று வண்டியிலேயே வைத்துப் பாருங்கள்.

வீண் கூச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் தேய்ந்த பேட்டரியும் தளர்ந்த பொருத்தமும்தான். இந்தப் பூட்டுகள் பலவற்றில் எல்ஆர்44 பொத்தான் பேட்டரி ஆறு இருக்கும். ஆறையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும், புதிதும் பழையதும் கலந்தால் அலாரம் தாறுமாறாகக் கத்தும். சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டி காற்றுக்கே ஆடும், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பாருங்கள். தினமும் வீணாகக் கத்தும் அலாரத்தை ஒரு வாரத்தில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அப்படி ஆகிவிட்டால் அதைக் கழற்றிவிட்டுச் சாதாரண டிஸ்க் லாக் போடுவதே மேல்.

என்னுடையது எக்ஸ்எல். டிஸ்க்கே கிடையாது.
— வாசகர், தேவகோட்டை

டிரம் பிரேக் வண்டிக்கு டிஸ்க் லாக் பொருந்தாது. முதல் பதிலில் சொன்ன செயினே உங்களுக்கும். சந்தையில் கட்டி வைக்க எதுவும் இல்லாத இடத்தில் யூ லாக்கைப் பின்சக்கரத்திலும் ஸ்விங் ஆர்மிலும் சேர்த்து மாட்டுங்கள். ஸ்போக்கில் மட்டும் மாட்டிய பூட்டை, நாலு ஸ்போக்கை வெட்டிக் கழற்றிவிடுவார்கள்.

ஜிபிஎஸ் டிராக்கர் பொருத்தினேன். மூன்றே நாளில் செல்ஃப் எடுக்கவில்லை. வண்டி அரிசி ஆலையில்தான் நிற்கும். சில நேரம் போனில் இடமே காட்டுவதில்லை.
— வாசகர், புதுவயல்

இரண்டும் தனித்தனிக் கோளாறு. முதலில் பேட்டரி. 100 சிசி வண்டிகளில் பெரும்பாலும் 12 வோல்ட், 3 அல்லது 4 ஆம்பியர்-மணி பேட்டரிதான். டிராக்கரும் அலாரமும் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி போகும். 3 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டே நாளில் பாதியாகிவிடும், அதற்கு மேல் செல்ஃப் எடுக்காது. உங்கள் கருவி எவ்வளவு இழுக்கிறது என்று மெக்கானிக்கை அளக்கச் சொல்லுங்கள். சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, இடையில் மல்டிமீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த நிலையில் செல்ஃப் பட்டனைத் தொட்டால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். அளவு 5 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. கூடுதலாக இருந்தால் காரணம் பெரும்பாலும், சாவி போட்டதை டிராக்கருக்குத் தெரிவிக்கும் சாவி உணர் ஒயர்தான். சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வரும் ஒயரில் அதை இணைக்க வேண்டும். அவசரத்தில் எப்போதும் கரண்ட் இருக்கும் ஒயரில் சேர்த்துவிட்டால், வண்டி ஓடிக்கொண்டே இருப்பதாக நினைத்து டிராக்கர் தூங்கவே தூங்காது.

சிவப்பு ஒயர் நேராகப் பேட்டரிக்குப் போக வேண்டும், இடையில் 1 அல்லது 2 ஆம்பியர் ஃபியூஸ், அதுவும் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள். ஃபியூஸ் இல்லாமல் இணைத்த ஒயர் சீட்டின் அடியில் உரசித் தோல் உரிந்தால் தீப்பிடிக்கும்.

இனி இடம் காட்டாதது. டேங்குக்கு அடியில் வைத்திருந்தால் மேலே இரும்புத் தகடு, வானத்துச் சிக்னல் எப்படி வரும்? சீட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் மூடிக்குள், கருவியின் மேல்பக்கம் வானத்தைப் பார்க்க வையுங்கள். என்ஜின், சைலன்சர் பக்கம் வேண்டாம், உள்ளே இருக்கும் சிறு லித்தியம் பேட்டரி சூட்டில் உப்பிவிடும். தகரக் கூரை போட்ட ஆலைக்குள் எங்கே வைத்தாலும் தடுமாறத்தான் செய்யும். அங்கே அது கடைசியாகத் தெரிந்த இடத்தைக் காட்டினாலே போதும்.

சிம்மையும் பாருங்கள். மலிவான டிராக்கர்கள் பல 2ஜியில் ஓடுபவை. ஜியோவுக்கு 2ஜி கிடையாது, அந்த சிம் இதில் ஓடவே ஓடாது. ரீசார்ஜ் காலாவதி ஆனாலும் கருவி ஊமையாகிவிடும். வாங்கும்போது இருக்கும் 123456 போன்ற கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள், இல்லாவிட்டால் எண் தெரிந்த எவரும் உங்கள் போக்குவரத்தைப் பார்க்கலாம். வண்டி நின்ற இடத்தைவிட்டு நகர்ந்தால் போனுக்கு வரும் எல்லைக் கோட்டு எச்சரிக்கையை 20 மீட்டர், 30 மீட்டர் என்று வைக்காதீர்கள். ஜிபிஎஸ் அளவே அதற்குள் ஆடும். 150 மீட்டர் வையுங்கள். ஓடும் வண்டியின் என்ஜினைப் போனிலிருந்து அணைக்கும் ரிலே வசதி இருந்தால், நின்ற பிறகு மறுபடி கிளம்பாதபடி மட்டும் அமையுங்கள். லாரிக்கு முன்னால் வண்டி அணைந்தால் ஓட்டுபவர் யாராக இருந்தாலும் உயிர் போகும்.

ஏர்டேக் போன்ற புளூடூத் வில்லைகளை இதற்கு மாற்றாக நினைக்க வேண்டாம். அதில் ஜிபிஎஸ் இல்லை, பக்கத்தில் போகும் போன்கள் (ஏர்டேக் என்றால் ஐபோன்கள்) வழியாகத்தான் இடம் தெரியும். வயல்காட்டில் ஐபோன் எத்தனை போகும்? போதாததற்கு, கூடவே வரும் வில்லையைப் பற்றித் திருடனின் போனுக்கே எச்சரிக்கை போய்விடும்.

வண்டி ஊரில் பூட்டிக் கிடக்கும், சித்திரையில்தான் வருவோம்.
— வாசகர், பள்ளத்தூர் (இப்போது சென்னை)

பேட்டரியைக் கழற்றிப் பக்கத்து வீட்டில் கொடுத்து மாதம் ஒரு முறை சார்ஜ் செய்யச் சொல்லுங்கள். வண்டியை வீட்டுக்குள் ஏற்ற முடியும் என்றால் ஏற்றிவிடுங்கள். பின்கட்டு வாசலையும் பாருங்கள். இங்கே பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. முன்கதவுக்குப் பெரிய பூட்டும் பின்கதவுக்கு ஒரு தாழ்ப்பாளும் என்று இருந்தால் பயனில்லை.

ரகசிய ஸ்விட்ச் வைத்துத் தருகிறேன் என்கிறார் மெக்கானிக். வைக்கலாமா?
— வாசகர், ஆத்தங்குடி

பேட்டரியை நம்பாமல் ஸ்பார்க் தரும் ஏசி சிடிஐ உள்ள பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் தாராளமாக. ஆனால் ஒயரை வெட்டி நடுவில் ஸ்விட்ச் வைக்க வேண்டாம், எர்த் ஆனால் ஸ்பார்க்கை நிறுத்தும் கில் ஒயரிலிருந்து ஒரு கிளை எடுத்து பாடியில் எர்த் ஆகும்படி வையுங்கள். அந்த ஸ்விட்ச் என்றாவது கெட்டுத் தொடர்பு விட்டால் வண்டி ஓடும், நடுச்சாலையில் நிற்காது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 (புகை மாசு விதி) வண்டி என்றால் என்ஜினை இயக்கும் கணினியான இசியூவின் ஒயர்களில் கை வைக்க விடாதீர்கள். பெட்ரோல் பம்பின் மின்சாரத்தைத் தடுக்கும் ஸ்விட்ச் வைக்கலாம். இணைப்புகளைச் சால்டரிங் செய்ய வேண்டும், டேப் சுற்றிய முறுக்கு மழைக்குத் தாங்காது. வாரண்டி இருக்கும்போது செய்தால் அது போகலாம்.

சிராவயல் மஞ்சுவிரட்டு, பிள்ளையார்பட்டிச் சதுர்த்தி மாதிரியான கூட்டத்தில்?
— வாசகர், திருப்பத்தூர்

டோக்கன் தரும் நிறுத்துமிடம் இருந்தால் அங்கேயே விடுங்கள். இல்லையென்றால், கூட வந்தவர்களின் இரண்டு மூன்று வண்டிகளை ஒன்றாக நிறுத்தி ஒரே நீளச் செயினால் பின்சக்கரங்களைக் கோத்துவிடுங்கள். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் குழாயை மூடிவிட்டால் சிறிது தூரத்தில் நின்றுவிடும். ஆர்சி, இன்சூரன்ஸ் அசலைச் சீட்டுப் பெட்டியில் வைக்கவே வேண்டாம், டிஜிலாக்கரில் காட்டினால் செல்லும். அசல் ஆர்சியும் கூடவே போனால் திருடியவருக்கு விற்பது சுலபமாகிவிடும்.

போயே போய்விட்டது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்குச் சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தார்கள். இன்சூரன்ஸ் கிடைக்குமா?
— வாசகர், காரைக்குடி

முதலில் உங்கள் பாலிசி எது என்று பாருங்கள். 2018 செப்டம்பர் முதல் புது வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து ஆண்டுக்குச் சேர்த்தே வாங்க வேண்டும். ஆனால் திருட்டுக்குப் பணம் தரும் சொந்தச் சேதக் காப்பீடு பல பாலிசிகளில் ஓராண்டுக்கு மட்டும்தான் இருக்கும். ஐந்து வருடம் போட்டாயிற்று என்று நம்பி, இரண்டாம் ஆண்டில் புதுப்பிக்காமல் விட்டவர்களுக்குத் திருட்டுக்கு ஒரு ரூபாய்கூட வராது. கிடைப்பதும் வாங்கிய விலை அல்ல, வண்டியின் மதிப்பாகப் பாலிசியில் எழுதிய ஐடிவி தொகை.

சிஎஸ்ஆர் ரசீது போதாது, முதல் தகவல் அறிக்கை (எஃப்ஐஆர்) வேண்டும். 2024 ஜூலை 1 முதல் திருட்டு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) பிரிவில் வருகிறது. எஃப்ஐஆர் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் அனுப்ப அதே பிரிவில் வழி உண்டு. என்ஜின் எண், சேசிஸ் எண் இரண்டும் புகாரில் இருக்க வேண்டும், பதிவெண் தகட்டைத்தான் முதலில் மாற்றுவார்கள். டிராக்கர் இடம் காட்டினால் அந்த இணைப்பைக் காவல் நிலையத்துக்குக் கொடுங்கள், தனியாகத் தேடிப் போகாதீர்கள்.

காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றே தகவல் சொல்லுங்கள். எஃப்ஐஆர் உடனே பதிந்திருந்தால், நிறுவனத்துக்குத் தெரிவிக்கத் தாமதமானது என்ற ஒரே காரணத்தால் கோரிக்கையை மறுக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை நம்பித் தள்ளிப்போட வேண்டாம், தேவைப்பட்டால் எடுத்துச் சொல்லலாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒரு கடிதம். கடன் இருந்தால் வங்கிக்கும் ஒன்று. தவணை நிற்காது, காப்பீட்டுத் தொகையும் முதலில் கடனுக்கே போகும். வண்டி கிடைக்கவில்லை என்ற காவல்துறையின் இறுதி அறிக்கை வந்த பிறகே பணம் வரும்.

அப்போது இரண்டு அசல் சாவிகளையும் கேட்பார்கள். ஒன்று தொலைந்திருந்தால், வண்டியிலேயே சாவியை விட்டிருந்தீர்கள் என்று சொல்ல அவர்களுக்கு இடம் கிடைத்துவிடும். ஆகவே வண்டி இன்னும் கையில் இருப்பவர்கள் இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது என்று இன்றே தேடிப் பாருங்கள். தொலைந்திருந்தால் காவல்துறையில் பதிவு செய்து, ரசீதைப் பாலிசியோடு வைத்துக்கொள்ளுங்கள்.