ஆள் வருமுன் பின்னணி: தெருப் படங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி (மதுரை வாசகர்): மாசி வீதிகளில் முன்பின் தெரியாத மனிதர்களை, அவர்கள் கேமராவைக் கவனிக்காத நேரத்தில் படம் எடுத்து வருகிறேன். முகங்கள் நன்றாக வருகின்றன. ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்தால் கம்பி, கம்பம், பேனர், பைக் என்று ஒரே நெரிசலாக இருக்கிறது. பூக்காரம்மா ஒருவரின் படத்தை இணைத்திருக்கிறேன். கம்போசிஷனை, அதாவது படத்துக்குள் எது எங்கே அமைவது என்பதை, எப்படிச் சரிசெய்வது?

பதில்: உங்கள் படத்தில் அந்த அம்மாவின் கைகள் அருமையாக விழுந்திருக்கின்றன. இடது கை நாரை இழுத்துப் பிடித்திருக்க, வலது கை அடுத்த முடிச்சுக்கான பூவை எடுக்கும் சரியான நேரத்தில் ஷட்டரை அழுத்தியிருக்கிறீர்கள். ஆனால் அவருடைய கொண்டையிலிருந்தே ஒரு மின்கம்பம் முளைத்து மேலே போகிறது. வலது ஓரத்தில் பைக்கின் முன்சக்கரம் பாதி நுழைந்திருக்கிறது. பின்னால் மஞ்சளும் சிவப்புமாக ஒரு திருமண வாழ்த்து பேனர் தொங்குகிறது. படத்துக்குள் எழுத்து இருந்தால் கண் முதலில் அதைப் படிக்கத்தான் போகும். பூக்கட்டும் விரல்களைப் பார்க்க வேண்டியவர் மணமக்களின் பெயரைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் ஆளைப் பார்த்தவுடன் கேமராவைத் தூக்கினீர்கள். பின்னால் என்ன இருந்ததோ அது தானாக வந்து ஒட்டிக்கொண்டது. இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதே என் பதிலின் சாரம். பிரான்சின் தென்கரையிலுள்ள இயேர் நகரில் 1932இல் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெசோன் எடுத்த சைக்கிள்காரர் படத்தைத் தேடிப் பாருங்கள். மேலிருந்து இறங்கிச் சுழலும் படிக்கட்டு, அதன் இரும்புக் கைப்பிடி, கீழே வளைந்து போகும் தெரு, அந்த வளைவில் வேகத்தால் மங்கலாகத் தெரியும் ஒரு சைக்கிள். படிக்கட்டும் கைப்பிடியும் வளைவும் சைக்கிள்காரர் வருமுன்பே அங்கே இருந்தவை. இல்லாமல் இருந்தது சைக்கிள் மட்டுமே. தெருப் படத்தில் நம் வசத்தில் இருக்கும் பகுதியும் அசையாத பகுதிதான். ஒரு சுண்ணாம்புச் சுவரையோ, இழுத்து மூடிய கடை ஷட்டரையோ, வெயில் ஒரு கீற்றாக விழும் சந்து முனையையோ முதலில் தேர்ந்துகொண்டு, ஆள் எந்த இடத்துக்கு வந்தால் அழுத்துவது என்று முடிவு செய்துவிட்டு அங்கேயே நில்லுங்கள். சற்று நேரத்தில் தெரு உங்களை மறந்துவிடும்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை உங்கள் ஊர் கொடுத்துவைத்தது. கீழ மாசி வீதியும் மேல மாசி வீதியும் ஏறத்தாழ வடக்கு தெற்காக ஓடுவதால், காலையில் வெயில் மேற்கு வரிசைக் கடைகளின் மேல் விழும்போது கிழக்கு வரிசை நிழலில் இருக்கும். மாலையில் இது மாறும். வெயில் படும் இடத்தில் ஆளும் நிழலில் பின்னணியும் அமையுமாறு நின்றால், பேனரும் கம்பியும் இருட்டுக்குள் தாமாகவே அடங்கிவிடும். வடக்கு, தெற்கு மாசி வீதிகளிலோ காலையும் மாலையும் வெயில் தெருவின் நீளத்துக்கே பாயும். நடப்பவர்களின் நிழல் நீண்டு உங்களை நோக்கி வரும். நண்பகலில், அதிலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும் கோடை நாட்களில், கண்குழிகள் கறுத்துவிடும் என்பதால் அந்த நேரத்தில் சாப்பிடப் போவது நல்லது.

பூக்காரம்மாவைப் போல் உட்கார்ந்த இடத்தில் வேலை செய்பவர்கள் நகர மாட்டார்கள்; நகர வேண்டியது நீங்கள். அரை அடி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் கம்பம் கொண்டையை விட்டு விலகியிருக்கும். உயரத்தை மாற்றுவதில் இதைவிடப் பெரிய பலன் உண்டு. குனிந்து எடுத்தால் தலைக்குப் பின்னால் வானம் வரும் என்பார்கள். நம் தெருக்களில் வானத்துடன் கேபிள் கம்பிகளும் சேர்ந்து வரும். நின்றபடியே கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிக் கீழ்நோக்கிச் சாய்த்தால் சாலையே பின்னணியாகிவிடும். சாம்பல் நிறத் தாரின் மேல் மல்லிகைக் குவியல் எப்படித் தெரியும் என்பதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, நெரிசலே குற்றம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தியப் புகைப்படக் கலைஞர் ரகுபீர் சிங், கொல்கத்தாவை அடுத்த ஹவுராவில் 1991இல் எடுத்த நடைபாதைக் கண்ணாடிக் கடைப் படத்தில் ஒவ்வொரு கண்ணாடியிலும் தெருவின் ஒரு துண்டு தெரிகிறது. வெற்று இடம் என்று எதுவுமே இல்லாத படம் அது. ஆனாலும் குழப்பம் இல்லை, ஏனென்றால் கண்ணாடிகளின் சட்டங்களே படத்தைப் பல அறைகளாகப் பிரித்துவிடுகின்றன. கதவு நிலை, பேருந்தின் ஜன்னல் வரிசை, டீக்கடையின் கம்பித் தடுப்பு போன்றவை நம் ஊரில் அந்த வேலையைச் செய்யும்.

கேள்வி (திருச்சி வாசகர்): கூச்சத்தினால் எதிர்ச்சாரியில் நின்று, தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் 70-300 மி.மீ. லென்ஸில் எடுக்கிறேன். ஆட்கள் இயல்பாக இருக்கிறார்கள். ஆனால் படம் தட்டையாக, உயிரில்லாமல் இருக்கிறது. லென்ஸை மாற்ற வேண்டுமா?

பதில்: தட்டையாக்குவது லென்ஸ் அல்ல, தூரம். ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவர் 20 மீட்டரிலும் அடுத்தவர் அவருக்கு 5 மீட்டர் பின்னாலும் நின்றால், பின்னவர் முன்னவரின் உயரத்தில் ஐந்தில் நான்கு பங்கு தெரிவார். இருவரும் ஒரே சுவரில் ஒட்டிய சுவரொட்டிகள் போல இருப்பார்கள். நீங்கள் 2 மீட்டருக்கு நெருங்கினால், அதே பின்னவர் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுருங்கிவிடுவார். முன்னால் ஒருவர், நடுவில் சிலர், தொலைவில் காந்தி மார்க்கெட் கூட்டம் என்று படத்துக்குள் அடுக்குகள் உண்டாவது இப்படித்தான்.

கேமராவோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸே போதும். அதை 18இல் நிறுத்தி, அபர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) எஃப் 8க்கு வைத்து, ஆட்டோ ஃபோகஸை அணைத்து, சுமார் இரண்டரை மீட்டரில் ஃபோகஸைப் பூட்டுங்கள். ஒன்றேகால் மீட்டரிலிருந்து தெருக்கோடி வரை கூர்மையாக இருக்கும். பெரிய சென்சார் கொண்ட முழு ஃபிரேம் கேமராவில் இதே பார்வையைத் தரும் 28 மி.மீ. லென்ஸ் என்றால் ஏறத்தாழ ஒன்றரை மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை. நடப்பவர்கள் மங்காமல் இருக்க 1/250 நொடி ஷட்டர் வேகமாவது வேண்டும். நிழலில் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்திறனை) 800க்கு ஏற்றினால் பொதுவாக அது கிடைத்துவிடும். ஃபோகஸைப் பற்றிய கவலை தீர்ந்தால் கண் ஃபிரேமின் மூலைகளுக்குப் போகும்.

கூச்சத்துக்கு ஒரு வழி உண்டு: நீங்கள் ஆளை நோக்கி நடக்காதீர்கள், ஆள் உங்களை நோக்கி வரட்டும். ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பவரைக் கடந்து போக யாரும் தயங்குவதில்லை. எதிர்ச்சாரியில் ஒளிந்து குறிபார்ப்பவரைத்தான் சந்தேகிப்பார்கள், அதுவும் நியாயமே.

கேள்வி (யாழ்ப்பாண வாசகர்): பிறகு கணினியில் படத்தின் ஓரங்களை வெட்டி, படத்தை மூன்றாகப் பிரிக்கும் கோடுகளில் ஆளை வைக்கச் சொல்லும் மூன்றிலொரு பங்கு விதிக்குள் கொண்டுவரலாம்தானே?

பதில்: வெட்டலாம். படத்தை வெட்டுவதை விரும்பாதவராகப் பேர்பெற்ற கார்த்தியே-பிரெசோனே, பாரிஸில் 1932இல் எடுத்த சேன்-லாசார் நிலையப் படத்தை, தண்ணீரைத் தாண்டும் மனிதரின் படத்தை, வெட்டித்தான் வெளியிட்டார். வேலிப் பலகை ஒன்று ஓரத்தை மறைத்திருந்தது. ஆனால் ஓரத்தை வெட்டிச் சீர்செய்யலாமே தவிர, ஒருவர் மேல் ஒருவராக ஒட்டி நிற்கும் இரண்டு உருவங்களை எந்த வெட்டும் பிரித்துத் தராது. மூன்றிலொரு பங்குக் கோடுகளை நான் பெரிதாக மதிப்பதில்லை. ஆளை அந்தக் கோட்டில் வைத்துவிட்டு, கணுக்காலோடு பாதத்தை அறுத்துவிட்ட படங்கள்தான் இந்தப் பகுதிக்கு நிறைய வருகின்றன. நான்கு ஓரங்களையும், உடல்களுக்கு இடையே தெரியும் வெற்று வெளியையும் பாருங்கள்.

கேள்வி (சென்னை வாசகர்): அனுமதி கேட்டால் இயல்பு போய்விடுகிறது, கேட்காவிட்டால் மனசு உறுத்துகிறது. முகம் தெரியாமல் நல்ல படம் எடுக்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். ஒருவர் கையசைத்து மறுத்தால் அவர் எதிரிலேயே படத்தை அழித்துவிடுங்கள். நோயாளிகள், துக்கத்தில் இருப்பவர்கள், பெற்றோர் அருகில் இல்லாத குழந்தைகள் ஆகியோரை எடுக்க வேண்டாம். பொது இடம் என்பது இதற்கெல்லாம் பதிலாகாது.

முகமில்லாத படத்துக்கு மெரினா நல்ல பள்ளிக்கூடம். சூரியன் கடலிலிருந்து எழுவதால், காலையில் கடலைப் பார்த்து நிற்பவருக்கு எதிரிலுள்ளவர் எல்லோரும் கறுப்பு உருவங்கள்தான். செல்போனில் வானத்தின் வெளிச்சமான பகுதியைத் தொட்டு, வெளிச்சத்தைக் குறையுங்கள். முகம் போய்விட்டபின் உடலின் வடிவம் மட்டுமே பேச வேண்டும் என்பதால், கையும் காலும் உடலோடு ஒட்டாமல் விரியும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். நடப்பவரின் இரு கால்களுக்கு நடுவே கடல் தெரிந்தால்தான் அவர் நடப்பதாகத் தோன்றும், இல்லையென்றால் நட்டுவைத்த தூண்தான். கேமராவின் உயரம் எதுவோ அந்த உயரத்தில்தான் தொடுவானக் கோடு ஆட்களை வெட்டும். சமதரையில் கண்மட்டத்தில் பிடித்தால் எல்லோர் தலையையும் அந்தக் கோடு குறுக்கே அறுக்கும். முழங்கால் உயரத்துக்கு இறக்கினால் தலையும் தோளும் தெளிந்த வானத்தில் தனியாக நிற்கும்.