பில்லில் இருக்கிறது, பட்டியலில் இல்லை

கேள்வி: எங்களுடையது திருப்பூரில் ஒரு சிறிய ஏற்றுமதி நிறுவனம். ஆர்டர் மென்பொருள், டிசைன் படங்கள், பேக்கப் எல்லாம் அமேசானின் ஏடபிள்யூஎஸ் கிளவுடில், மும்பை ரீஜனில் (அந்த ஊர் டேட்டா சென்டர்களில்) இருக்கின்றன. முன்பு எங்களிடம் இருந்த பையன் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டான். மாதம் ஒருமுறை அதை ஓட்டினால் என்னென்ன சர்வர், டிஸ்க் இருக்கின்றன என்று எக்செல்லில் வரும். கடைசியாக 46 வரிகள் வந்தன. ஆனால் பில்லைப் பார்த்தால் அந்த 46-க்கு உரியதாகத் தெரியவில்லை. ‘கிளவுட் ஆடிட்’ செய்யும் ஒருவர், அட்மின் ஆக்சஸ் கீயை (எதையும் செய்யவிடும், கடவுச்சொல் போன்ற சாவியை) கொடுத்தால் எல்லாவற்றையும் தேடி எடுத்துத் தருவதாகவும், மிச்சமாகும் தொகையில் 30 சதவீதம் தந்தால் போதும் என்றும் சொல்கிறார். கொடுக்கலாமா? ஸ்கிரிப்டையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: கீயைக் கொடுக்காதீர்கள். முழுப் பட்டியலை நீங்களே எடுக்கலாம். அதற்குத் தனிக் கட்டணமும் கிடையாது.

ஸ்கிரிப்டைப் படித்தேன். முப்பது வரிகூட இல்லை, சுத்தமாக எழுதியிருக்கிறார். ஆனால் இரண்டு இடத்தில் கோட்டை விட்டிருக்கிறார்.

முதலாவது சுலபமானது. மும்பையில் மட்டும் தேடச் சொல்லியிருக்கிறார். ஏடபிள்யூஎஸ் கணக்கு என்பது ஒரே சாவிக்கொத்தில் பல ஊர் வீட்டுச் சாவிகள் கிடப்பது மாதிரி. எந்தக் கணக்கைத் திறந்தாலும் 17 ரீஜன்கள் தாமாகவே திறந்திருக்கும். ஹைதராபாத் போல 2019 மார்ச் 20-க்குப் பிறகு வந்தவற்றை நாமே போய்த் திறந்தால்தான் உண்டு. நீங்கள் திறக்காத ரீஜனில் எதுவும் ஓட முடியாது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். திறந்தே கிடக்கும் 17-இல் 16-ஐ உங்கள் ஸ்கிரிப்ட் எட்டிப் பார்த்ததே இல்லை. யாரோ பழகிப் பார்க்க அமெரிக்காவின் வர்ஜீனியா ரீஜனில் ஒரு சர்வரைப் போட்டு மறந்திருந்தால், உங்கள் எக்செல்லுக்கு அது தெரிய வழியே இல்லை.

இரண்டாவது தவறு கொஞ்சம் நுணுக்கமானது. அதில்தான் பாதி ஊர் விழுகிறது. அந்த ஸ்கிரிப்ட் பட்டியலைக் கேட்பது டேகிங் ஏபிஐயிடம், அதாவது டேக் பற்றி ஸ்கிரிப்டுகள் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வாசலிடம். டேக் என்றால் சர்வர் மீதோ டிஸ்க் மீதோ நாம் ஒட்டும் பெயர்ச்சீட்டு: ‘கணக்குப் பிரிவு’, ‘டெஸ்ட்’ என்பது போல. டேகிங் ஏபிஐ சீட்டு ஒட்டியவற்றை மட்டுமே எண்ணும். ஒருநாளும் சீட்டு ஒட்டப்படாத டிஸ்க் அதன் கண்ணில் படாது. பட்டியலில் காலியாகக்கூட வராது, எச்சரிக்கையும் வராது.

இங்கே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. முன்பு எப்போதோ சீட்டு ஒட்டி, பிறகு கிழித்துவிட்ட பொருள் இருக்கிறதே, அதையும் இது பட்டியலில் காட்டும். உங்கள் எக்செல்லில் டேக் கட்டம் காலியாக மூன்று வரிகள் இருக்கின்றன அல்லவா? அவை இந்த வகை. அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பையன், ‘டேக் இல்லாததும் வருகிறது, ஆகவே எல்லாம் வருகிறது’ என்று நிம்மதியாக இருந்திருப்பார். குற்றம் சொல்ல மாட்டேன். நானே ஒரு வாடிக்கையாளரிடம் இதே முடிவுக்கு வந்து, ‘உங்களிடம் டேக் இல்லாத பொருள் ஐந்துதான்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். உண்மையில் அவை ஒருகாலத்தில் டேக் இருந்த ஐந்து. டேக்கே பார்க்காதவை தனியாகக் கிடந்தன. ஆகவே காலிக் கட்டம் தெரிவதை வைத்து ஏமாறாதீர்கள். அவசரத்தில் கிளிக் செய்து உருவாக்கி மறந்துபோனவற்றுக்குத்தான் யாரும் டேக் ஒட்டியிருக்க மாட்டார்கள். நீங்கள் தேடுவதும் அவற்றைத்தான்.

சரி, எதைப் பயன்படுத்துவது? ரிசோர்ஸ் எக்ஸ்புளோரர் என்று ஒரு சேவை 2022 நவம்பரில் வந்தது. கணக்கில் இருப்பவற்றை இண்டெக்ஸ் போட்டு வைத்துக்கொண்டு, கேட்டால் தேடித் தரும். புத்தகத்தின் கடைசியில் இருக்குமே, எந்தச் சொல் எந்தப் பக்கம் என்று, அது போலத்தான். ஒவ்வொரு ரீஜனிலும் ஓர் உள்ளூர் இண்டெக்ஸ். கணக்கு முழுவதற்கும் ஒரு ரீஜனில் மட்டும் திரட்டு இண்டெக்ஸ். திரட்டு இண்டெக்ஸில் தேடினால் எல்லா ஊர்ச் சரக்கும் ஒரே இடத்தில் வரும். ஆனால் உள்ளூர் இண்டெக்ஸ் போடாத ரீஜன் இதில் சேராது. ‘செலவு வேண்டாமே’ என்று மும்பைக்கு மட்டும் போட்டு வைப்பவர்களைப் பார்க்கிறேன். இலவசத்தில் என்ன சிக்கனம்? எல்லா ரீஜனுக்கும் போடுங்கள். வர்ஜீனியாவை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். ஐஏஎம் (யாருக்கு என்ன அனுமதி என்று பார்க்கும் பகுதி) பயனர்கள், ரோல்கள் (தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும் அனுமதிகள்) போல எந்த ஊருக்கும் சொந்தமில்லாதவை அங்கேதான் பதிவாகின்றன.

இண்டெக்ஸ் உருவாக்குவதை ஸ்கிரிப்டில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். கன்சோலில் (ஏடபிள்யூஎஸ்ஸின் இணையப் பக்கத்தில்) ‘குவிக் செட்டப்’ என்று இருக்கும். திரட்டு இண்டெக்ஸுக்கு மும்பையைத் தேர்ந்தெடுத்து அழுத்தினால் மற்றதை அதுவே செய்யும். பிறகு தினமும் தேடும் வேலையை மட்டும் ஸ்கிரிப்டுக்குக் கொடுங்கள். திரட்டு எந்த ஊரில் என்பதை மட்டும் யோசித்து முடிவெடுங்கள். மாற்ற நினைத்தால், பழையதை இறக்கிவிட்டு 24 மணி நேரம் காத்திருந்தால்தான் புதிய ஊரை ஏற்ற முடியும்.

காத்திருப்பது என்றதும் எனக்குக் கோபம் வருகிறது. முதல்முறை இண்டெக்ஸ் முழுதாக நிரம்ப 36 மணி நேரம் வரை ஆகலாம். ஒரு பொது ஐபி முகவரிக்கு மணிக்கு 0.005 டாலர் என்று மூன்றாவது தசமம் வரை எண்ணிக் காசு வாங்கத் தெரிந்தவர்களுக்கு, ‘என்னிடம் என்னவெல்லாம் வைத்திருக்கிறாய்’ என்று கேட்டால் ஒன்றரை நாள் வேண்டுமாம். நம் சட்டையில் எத்தனை பொத்தான் என்பதை நாம் மனு போட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆகவே வெள்ளிக்கிழமை மாலை போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள். சனிக்கிழமை காலை வரும் அரைகுறைப் பட்டியலைப் பார்த்து ‘அப்பாடா, இவ்வளவுதான்’ என்று முடிவுக்கு வராதீர்கள்.

ஸ்கிரிப்டில் மாற்ற வேண்டியது கொஞ்சம்தான். பைத்தானிலிருந்து ஏடபிள்யூஎஸ்ஸிடம் பேச உதவும் போட்டோ3 நூலகத்தில் (கேமராவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அமேசான் ஆற்று டால்பினின் பெயர்) ரிசோர்ஸ் எக்ஸ்புளோரர் 2 என்ற பெயரில் இது இருக்கும். அந்த ‘2’ இல்லாமல் எழுதிவிட்டு, சேவையே இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டவர்கள் உண்டு. தேடல் வரியில் ‘டேக்’, முக்காற்புள்ளி, ‘நன்’ மூன்றையும் ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் கொடுத்தால் பெயர்ச்சீட்டு இல்லாதவை மட்டும் வரும். உங்களுக்கு முதலில் வேண்டியது அதுதான். தேடல் எப்போதும் ‘வியூ’ எனப்படும் ஒரு ஜன்னல் வழியாகத்தான் நடக்கும். அந்த ஜன்னலில் டேக் தகவலும் தெரியும்படி அமைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் டேக் சார்ந்த தேடல் பயன்படாது. யாராவது முன்பே வடிகட்டி போட்ட வியூ இருந்தால் அதைத் தொடாமல், வடிகட்டி இல்லாத புதிய வியூ ஒன்றை நீங்களே போடுங்கள்.

இன்னொரு குழி: ‘சர்ச்’ என்ற கட்டளை எத்தனை பக்கம் புரட்டினாலும் முதல் 1,000 முடிவுகளோடு நின்றுவிடும். சிறிய கணக்குதானே என்று நினைப்பீர்கள். தினமும் பேக்கப் எடுக்கும் கணக்கில் ஸ்நாப்ஷாட்டே (டிஸ்க்கின் நகல்) ஆயிரத்தைத் தாண்டும். பதிலுடன் வரும் எண்ணிக்கையில் ‘கம்ப்ளீட்’ என்ற கட்டம் ‘ஃபால்ஸ்’ என்றிருந்தால் பட்டியல் அறுந்திருக்கிறது என்று பொருள். அப்போது ‘லிஸ்ட் ரிசோர்சஸ்’ என்ற கட்டளைக்கு மாறுங்கள், அல்லது வகை வகையாக, ரீஜன் ரீஜனாகப் பிரித்துக் கேளுங்கள்.

பட்டியல் வந்த பிறகு? அதில் ஒரு பொருள் இருக்கிறது என்பது தெரியும், ஓடுகிறதா நிற்கிறதா, எவ்வளவு தின்கிறது என்பது தெரியாது. அதற்கு அந்தந்தச் சேவையிடம் மறுபடி கேட்க வேண்டும். உங்கள் அளவுக்கு நான்கை மட்டும் பாருங்கள்: எதிலும் மாட்டாத டிஸ்க், சும்மா கிடக்கும் எலாஸ்டிக் ஐபி (நிலையான பொது இணைய முகவரி), நாட் கேட்வே (உள்ளே இருக்கும் சர்வர்கள் இணையத்துக்குப் போகும் வழி), பழைய ஸ்நாப்ஷாட். சர்வரை நிறுத்தினாலும் டிஸ்க்குக்கு வாடகை ஓடும் என்பது பலருக்குத் தெரியும். சர்வரை அழித்தாலும், பிறகு கூடுதலாக மாட்டிய டிஸ்க் வழக்கமாக அழியாது என்பது தெரியாது. பொது ஐபி (ஐபிவி4) முகவரிக்கு 2024 பிப்ரவரி 1 முதல், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் கட்டணம். முப்பது நாளுக்கு ஒன்றுக்கு 3.60 டாலர். எல்லா வகைப் பொருளும் இண்டெக்ஸில் ஏறுவதில்லை என்பதால், காஸ்ட் எக்ஸ்புளோரரில் பில்லை ரீஜன்வாரியாகப் பிரித்து ஒரு தடவை ஒத்துப் பாருங்கள். கன்சோலில் பார்த்தால் இலவசம். அதையே ஸ்கிரிப்டில் கேட்டால் ஒவ்வொரு கேள்விக்கும் 0.01 டாலர். பார்த்த உடனே எதையும் அழிக்க வேண்டாம், ‘அழிக்கலாமா’ என்று ஒரு டேக் ஒட்டி ஒரு மாதம் விடுங்கள்.

இப்போது அந்த ஆடிட் ஆசாமிக்கு வருகிறேன். மேலே சொன்னதைத்தான் அவரும் செய்வார். அதற்கு அட்மின் கீ எதற்கு? தேடுவதற்கென்றே ரிசோர்ஸ் எக்ஸ்புளோரருக்கு ஒரு ரீட் ஒன்லி அனுமதி இருக்கிறது. ‘சரி சார், ரீட் ஒன்லி ஆக்சஸ் மட்டும் கொடுங்கள்’ என்று இறங்கி வருவார், அங்கேயும் ஏமாறாதீர்கள். ஏடபிள்யூஎஸ்ஸின் பொதுவான ‘ரீட் ஒன்லி ஆக்சஸ்’ என்ற அனுமதியில் எஸ்3 என்ற கோப்புக் கிடங்குக்குள் இருக்கும் கோப்புகளைத் திறந்து படிக்கவும் முடியும். உங்கள் வாங்குவோரின் டிசைன், விலைப்பட்டியல் எல்லாம் அங்கேதானே இருக்கிறது? படிக்க மட்டும்தானே என்பது மூன்றாம் மனிதருக்குச் சொல்லும் வார்த்தையா? ‘வியூ ஒன்லி ஆக்சஸ்’ என்று வேறொன்று இருக்கிறது. பெயர்களைக் காட்டும், கோப்புக்குள் போக விடாது. வெளியாள் கட்டாயம் வர வேண்டுமென்றால் அதை ஒரு ரோலில் வைத்து, எக்ஸ்டர்னல் ஐடி (அவருக்கு மட்டும் தரும் அடையாளச் சொல்) போட்டு, அவருடைய கணக்கிலிருந்து வந்து பார்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் ரோலை எடுத்துவிடலாம். கீயை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது எத்தனை போனில் கிடக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்?

இதைவிட மோசமான வகை ஒன்று உண்டு. ‘பில்லை ரூபாயில் தருகிறோம், தள்ளுபடி உண்டு’ என்று சொல்லி, கணக்கின் ரூட் மின்னஞ்சலை (முழு உரிமையும் உள்ள மூல மின்னஞ்சலை) தங்கள் பெயரில் வைத்துக்கொள்ளும் இடைத்தரகர்கள். எல்லாரும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நிறுவனம் தன் டேட்டாவைத் தானே எடுத்துக்கொண்டு வெளியேற அப்படிப்பட்ட ஒருவரிடம் நாட்கணக்கில் நின்றதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ரூட் மின்னஞ்சல் நிறுவனத்தின் சொந்த டொமைனில் இருக்கிறதா, முதலாளியின் கைக்கு எம்எஃப்ஏ (நுழையும்போது கேட்கும் இரண்டாவது சரிபார்ப்பு) வருகிறதா, இன்றே பாருங்கள்.

30 சதவீதக் கணக்கையும் யோசியுங்கள். மிச்சத்தில் பங்கு கேட்பவருக்கு, பேக்கப்பை வெட்டினாலும் மிச்சம்தான். ஸ்நாப்ஷாட் போனது தெரியவருவது, அது தேவைப்படும் நாளில். சிலர் ‘கண்காணிப்பு’ என்று ஏடபிள்யூஎஸ் கான்ஃபிக்கை எல்லா ரீஜனிலும் முடுக்கிவிட்டுப் போவார்கள். எது எப்போது மாறியது என்ற வரலாறு வேண்டுமென்றால் அது நல்ல சேவைதான். தொடர்ந்து பதிவு செய்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 0.003 டாலர், உங்களுக்கு இப்போது அவசியமில்லை. யார் எதை உருவாக்கினார்கள் என்று தெரிய கிளவுட் ட்ரெயிலில் கடந்த 90 நாள் வரலாறு இலவசமாகவே கிடைக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று. அந்த ஸ்கிரிப்ட் யாருடைய கீயில் ஓடுகிறது? மேலிருந்து நான்காவது வரியில் ஒரு கீ அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. என்னிடம் வந்திருக்கும் பிரதியிலும் இருக்கிறது. போய்விட்ட பையனுடைய ஐஏஎம் பயனரின் கீயாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அதை இன்றே ‘இன்ஆக்டிவ்’ ஆக்குங்கள், உடனே நீக்க வேண்டாம். கூடவே வேறு எதுவும் நின்றுபோனால் அதுவும் இதே கீயில்தான் ஓடிக்கொண்டிருந்தது என்று தெரியும். தேவைப்பட்டால் மறுபடி முடுக்கி, அதை ஒரு ரோலுக்கு மாற்றிவிட்டு அணைக்கலாம். கீ கடைசியாக எப்போது, எந்தச் சேவைக்குப் பயன்பட்டது என்பது ஐஏஎம் பக்கத்திலேயே தெரியும். நீங்கள் ஸ்கிரிப்டை ஓட்டுவது மாதம் ஒருமுறை. அந்தத் தேதியோடு பொருந்தாத நாள் அங்கே தெரிந்தால், இண்டெக்ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் எனக்கு எழுதுங்கள்.