பழைய ஸ்பானிய இலக்கியத்தில் 'தொனைரே' என்றால் என்ன? அழகு வேறு, அது வேறா?

ஆம், வேறுதான். 'எர்மோசுரா' என்பது முக அழகு. 'தொனைரே' என்பது பேச்சிலும் நடையிலும் தானாக வெளிப்படும் நயம், சமயோசிதம். புகைப்படத்தில் தெரிவது முதலாவது. வீடியோவில்தான் தெரியும் இரண்டாவது.

இந்த வேறுபாடு அக்காலக் கவிதையிலும் கதையிலும் தெரியும். 16ஆம் நூற்றாண்டு ஸ்பானியக் கவிஞர்கள் இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க்கா வழியில் அழகை ஒரே பட்டியலாகப் பாடினார்கள்: கூந்தல் பொன், உதடு பவளம், பல் முத்து, கழுத்து பளிங்கு. யாரைப் பாடினாலும் இதேதான்! ஸ்பானியக் கவிஞர் கோங்கோரா 1582இல் எழுதிய ஒரு கவிதையில் அந்தப் பொன்னையும் லில்லி மலரையும் அடுக்கிவிட்டு, கடைசியில் எல்லாம் மண், புகை, தூசி, நிழல், ஒன்றுமில்லை என்று முடித்துவிடுகிறார். படித்தால் குளிர் அடிக்கும்.

தொனைரேயைப் பட்டியல் போட முடியாது. ஆளைப் பேசவிட்டுத்தான் காட்ட முடியும். ஸ்பானிய எழுத்தாளர் செர்வாந்தேஸ் 1613இல் வெளியிட்ட கதையொன்றில் வரும் பிரெசியோசா என்ற நாடோடிப் பெண் அப்படித்தான். அவளும் அழகிதான், சரி. ஆனால் மாட்ரிட்வாசிகளை மயக்குவது அவள் பாட்டும் ஆட்டமும், பெரிய மனிதர்களுக்கே சட்டென்று கொடுக்கும் பதிலும்.

அப்புறம், செர்வாந்தேஸின் புகழ்பெற்ற நாவலின் நாயகன் தொன் கிஹோத்தே தன் காதலி துல்சினேயாவை 'கூந்தல் பொன், கண்கள் சூரியன்' என்று வர்ணிப்பதைப் பலர் நிஜமான காதல் வர்ணனை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அது அந்தப் பழைய பட்டியலைக் கிண்டல் செய்வது, அவன் பணியாள் சாஞ்சோவைக் கேட்டால் அவள் ஊர் இளவட்டங்களுக்குச் சமமாக இரும்புக் கம்பி எறியும் திடமான கிராமத்துப் பெண்.