டர்போ வாயில் சிலிக்கன் பூசலாமா?

கேள்வி: என்னிடம் ஒரு டீசல் டர்போ கேடிஎச் வான் இருக்கிறது. ஒட்டுசுட்டானிலிருந்து வவுனியாவுக்கு ஆள் ஏற்றி ஓடுகிறேன். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம். மாங்குளம் போவதற்குள் நின்றுவிடும். ஆட்கள் நிறைந்தால் இழுவை குறைகிறது, கறுப்புப் புகையும் வருகிறது. ஒரு கராஜில் டர்போவைக் கழற்றி, மனிபோல்டோடு அது சேரும் இடத்தில் சிவப்பு சிலிக்கன் பூசிப் பூட்டித் தந்தார்கள். இரண்டு கிழமையில் பழையபடி சத்தம். இன்னும் கூடிய வெப்பம் தாங்கும் கம் எது அண்ணா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: தம்பி, அந்த ‘டிக் டிக்’, எஞ்சின் புகையைச் சேர்த்து டர்போவுக்கு அனுப்பும் மனிபோல்டும் டர்போவும் சேரும் இடத்தால் புகை ஒழுகும் சத்தம். அந்த இடத்துக்குக் கம்மே வேண்டாம். சிவப்பு சிலிக்கன் ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் வரைதான் தாங்கும். பாரத்தோடு ஓடும் டீசல் எஞ்சினில் டர்போவுக்குள் நுழையும் புகை 600, 700 பாகைக்குப் போகும். பெற்றோல் டர்போவில் 900ஐயும் தாண்டும். சிலிக்கன் கருகித் தூளாகிப் போவதுகூடப் பரவாயில்லை. பூட்டும்போது உள்பக்கம் பிதுங்கிய துண்டு உடைந்து டர்போவுக்குள் போனால்தான் ஆபத்து. நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் சில்லு அது. இதழில் சின்னக் காயம் பட்டாலே சமநிலை கெட்டு பெயரிங்கைத் தின்றுவிடும்.

சூடேறியதும் சத்தம் நிற்பதால் ஒழுக்கு சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். இரும்பு விரிந்து இடைவெளியை மூடுகிறது, அவ்வளவுதான். பாரம் கூடி அழுத்தம் ஏறும்போது புகை திரும்பவும் அதே வழியால் வெளியேறும். டர்போவைச் சுழற்ற வேண்டிய புகை வெளியே போனால் எஞ்சினுக்குக் காற்றுக் குறையும். காற்றுக் குறைந்த இடத்தில் டீசல் முழுதாக எரியாது. உங்கள் கறுப்புப் புகை அதுதான்.

அந்த இடத்தில் ஒழுகாமல் அடைப்பது கஸ்கட், இரண்டு முகங்களுக்கும் நடுவே வைக்கும் தகடு. யுத்தத்தில் மூடியிருந்த ஏ9 பாதை 2002இல் திறக்கும்வரை இங்கே வன்னியில் அது கிடைப்பது குதிரைக்கொம்பு. நான் வேலை பழகிய பட்டறையில் செப்புத் தகட்டைச் சூடாக்கி இளக்கி, அளவுக்கு வெட்டிப் போடுவோம். ஆனால் தகட்டில் கை வைக்க முன்னர் என் குரு ஒரு வேலை செய்வார். கண்ணாடித் துண்டில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து மெல்லிசாகப் பூசி, மனிபோல்டின் முகத்தை அதன்மேல் வைத்துத் தேய்ப்பார். மேடான இடத்தில் கரி பிடிக்கும், பள்ளம் வெளுப்பாக நிற்கும். முகம் மட்டமில்லாவிட்டால் தங்கத்தில் கஸ்கட் வெட்டினாலும் ஒழுகும் என்பார். இன்று நான் நேர்விளிம்புக் கட்டையும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான பீலர் கேஜும் வைத்துப் பார்க்கிறேன். 0.1 மில்லிமீற்றர் தகடு நுழைந்தால் லேத் பட்டறைக்கு அனுப்பி முகம் சீவுவிப்பேன். கையால் கிரைண்டர் பிடிக்க விடாதீர்கள். அது புதுப் பள்ளம் தோண்டும்.

கழற்றுவதற்கு முதல்நாள் மாலையே ஸ்டட்களுக்குத் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். பழைய சிலிக்கனை ஒரு பொட்டும் மிஞ்சாமல் சுரண்டி எடுங்கள். பல அடுக்கு உருக்குக் கஸ்கட் புதிதாக வாங்குங்கள், ஒருமுறை நசுங்கியது திரும்ப அடைக்காது. நட்டும் புதிதாக, வெப்பம் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். முதலில் எல்லாவற்றையும் விரலால் ஓட்டி, அப்புறம் குறுக்கும் மறுக்குமாக இரண்டு மூன்று தடவையில், கைநூலில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பானரால் இறுக்குங்கள்.

இனி, இந்த இணைப்பு ஏன் கழன்றது என்று யாராவது பார்த்தார்களா? வானுக்குக் கீழே படுத்து சைலன்சர் குழாயின் தாங்கிகளைப் பாருங்கள். கிரவல் வீதியில் ஓடும் வாகனங்களில் தாங்கி றப்பர் அறுந்து, குழாயின் முழுப் பாரமும் டர்போவில் தொங்குவதை நான் அடிக்கடி காண்கிறேன். ஒவ்வொரு குழியிலும் அது டர்போவைப் பிடித்து இழுக்கும். அந்த றப்பரை மாற்றாமல் எந்தக் கஸ்கட் போட்டாலும் நிற்காது.

பேஸ்டுக்கும் ஒரு இடம் உண்டு. டர்போவைத் தாண்டி, குழாய்க்குள் குழாய் செருகும் பின்பக்க இணைப்புகளில் சைலன்சர் பேஸ்ட் பூசிக் கிளிப் இறுக்கலாம்.

கேள்வி: எங்கள் வானிலும் அதே சத்தம். ஏசி போட்டால் உள்ளே புகை மணக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் தலையிடி என்கிறார்கள். தவணை விடுமுறை வரை ஓடலாமா?
– வாசகர், பரந்தன்

பதில்: ஓடக்கூடாது. அந்தப் புகையில் காபன் மொனொக்சைட்டும் இருக்கிறது. அதற்கு மணம் இல்லை. பிள்ளைகள் நித்திரை கொள்கிறார்கள் என்று நீங்கள் நினைக்கும் நேரத்தில் மயங்கியிருக்கலாம். நாளைக் காலை பிள்ளைகளுக்கு வேறு வாகனம் பேசிவிட்டு, உங்கள் வானைக் கண்ணாடிகளை இறக்கியபடி கராஜுக்குக் கொண்டுபோங்கள்.