பின்வரிசை மாணவனும் பயிற்சி ஆசிரியரின் குறிப்பேடும்

கேள்வி: மதுரையில் பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என் பாடம் உயிரியல். வாடிப்பட்டிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கற்பித்தல் பயிற்சிக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. ஏழாம் வகுப்பில் 38 பேர் இருக்கிறார்கள். எதைக் கேட்டாலும் அதே ஐந்தாறு பேர்தான் கை தூக்குகிறார்கள். பத்துப் பேருக்காவது பாடநூலை வாய்விட்டு வாசிக்க வரவில்லை. கடைசிப் பெஞ்சில் ஒரு மாணவன் முதல் பாடவேளை முழுவதும் தலையைக் கவிழ்த்தே இருக்கிறான். வழிகாட்டி ஆசிரியர் போர்ஷனை முடிக்கச் சொல்கிறார். நானோ குறிப்பேட்டில் ‘இன்று பாடம் நன்றாக நடந்தது, மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்’ என்று தினமும் எழுதுகிறேன். எழுதும்போதே மனம் உறுத்துகிறது. 16 வாரத்தில் நான் என்னதான் செய்ய முடியும்?

பதில்: பயிற்சி ஆசிரியர்களின் பதிவேடுகளைப் பல ஆண்டுகள் திருத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் எழுதும் அந்த வாக்கியத்தை நான் எண்ணற்ற முறை படித்திருக்கிறேன், ஒரு முறைகூட அதிலிருந்து ஒரு குழந்தையின் முகம் எனக்குத் தெரிந்ததில்லை. பி.எட். 2015-இல் ஈராண்டுப் படிப்பானபோது இரண்டாம் ஆண்டில் 16 வாரப் பள்ளிப் பயிற்சி சேர்ந்தது. பாடம் நடத்திப் பழகுவதற்கு மட்டும் அவ்வளவு நாள் தேவையில்லை. ஒரே வகுப்பை நெடுநாள் கூர்ந்து பார்த்து, பார்த்ததற்கேற்ப நம் நடத்துமுறையை மாற்றிக்கொள்வதற்குத்தான் அந்த அவகாசம். ஆகவே குறிப்பேட்டிலிருந்தே தொடங்குங்கள்.

‘நன்றாக’, ‘ஆர்வத்துடன்’ போன்ற சொற்களை இன்றோடு விட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு நிகழ்வை மட்டும் எழுதுங்கள்: என்ன கண்டேன், காரணம் என்னவாக இருக்கலாம், நாளை எதை மாற்றுவேன். எடுத்துக்காட்டாக இப்படி எழுதலாம்: ‘மூன்றாம் பாடவேளை. இலை ஏன் பச்சையாக இருக்கிறது என்று கேட்டேன். நான்கு பேர் கை தூக்கினார்கள். இரண்டாம் வரிசையில் ஒரு மாணவி எதையோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நான் முதல் பெஞ்சு மாணவனைச் சொல்லச் சொல்லிவிட்டேன். நாளை கேள்வி கேட்டபின் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிய பிறகே ஒருவரை அழைப்பேன்.’ ஆறே வரிதான்; ஆனால் அதில் ஒரு மாணவி இருக்கிறாள், உங்கள் அவசரம் இருக்கிறது, மறுநாளுக்கு ஒரு வேலையும் இருக்கிறது.

எண்ணிப் பார்க்கும் அந்த ஐந்து நொடி சிறிய விஷயம் அன்று. அமெரிக்காவில் அறிவியல் கற்பித்தலை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடியளவே காத்திருக்கிறார்கள் என்பதை வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கொண்டு 1970-களில் காட்டினார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத மாணவர்களும் பேசினார்கள். உங்கள் வகுப்பில் அதே ஐந்தாறு பேர் கை தூக்குவதற்கு மற்ற முப்பது பேரின் அறியாமைதான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்; அவர்கள் யோசித்து முடிக்கும் முன்பே கேள்வி கைமாறிவிடுகிறது என்பதும் பெரும் காரணம்.

பேசாமலிருப்பதற்கு இன்னொரு காரணத்தை நானே உண்டாக்கியிருக்கிறேன். என் பயிற்சிக் காலத்தில், மேலூருக்குக் கிழக்கே ஒரு பள்ளியில், ஒரு மாணவி எழுந்து, “தண்ணி வேரு வழியா ஏறி அங்கிட்டு இலைக்குப் போகுது, டீச்சர்” என்றாள். நான், “அங்கிட்டு என்று சொல்லக் கூடாது, அங்கே என்று சொல்” என்று திருத்தினேன். வகுப்பு சிரித்தது. அவள் சொன்ன அறிவியல் முழுக்கச் சரி. நான் அதைக் காதில் வாங்கவே இல்லை. நான் அந்தப் பள்ளியை விட்டு வரும்வரை அவள் மறுபடி எழுந்து பேசவில்லை. இன்றும் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை. பிள்ளையின் வீட்டுப் பேச்சில் பதில் வந்தால் முதலில் பதிலுக்குத் தலையசையுங்கள். பிறகு நீங்கள் கரும்பலகையில் எழுதும்போது ‘நீர் வேரிலிருந்து இலைக்குச் செல்கிறது’ என்று எழுத்துத் தமிழில் எழுதுங்கள். இரண்டும் ஒன்றே என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வார்கள். மதுரை நகருக்குள் பணிக்குச் சென்றால் வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். அங்கே இந்தப் பொறுமை இன்னும் கூடுதலாக வேண்டும்.

இனி வாசிப்புக்கு வருகிறேன். உங்கள் 16 வாரத்தின் பெரும்பகுதி இதற்கே தகும். உங்கள் மாணவர்கள் யார் என்பதை ஒரு கணம் கணக்கிட்டுப் பாருங்கள். 2025-26-இல் ஏழாம் வகுப்பில் இருப்பவர்கள், 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது ஒன்றாம் வகுப்பின் கடைசியில் இருந்தார்கள். தொடக்க வகுப்புகள் மறுபடி திறந்த நாள் 2021 நவம்பர் 1. அன்று அவர்கள் மூன்றாம் வகுப்பு. இரண்டாம் வகுப்பு என்பதை அவர்கள் பள்ளியில் கண்டதே இல்லை. எழுத்தறிவை மீட்பதற்கென்று ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022-இல் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளுக்கு வந்தபோது இவர்கள் நான்காம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். ஆகவே ‘மெல்லக் கற்போர்’ என்ற பெயரை இவர்கள்மேல் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. உயிர்மெய்யின் குறிகள் கையில் படிய வேண்டிய ஆண்டு அவர்களுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

‘பத்துப் பேருக்கு வாசிக்க வரவில்லை’ என்பதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய இயலாது. மதிய உணவு முடிந்தபின் ஒருவரை ஒருவராக வராந்தாவின் ஓரத்துக்கு அழைத்து, மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து நான்கு வரி வாசிக்கச் சொல்லுங்கள். ஒருவருக்கு மூன்று நிமிடம் போதும். மற்றவர்கள் காதில் விழக்கூடாது. எங்கே தடுக்குகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள். பெரும்பாலும் மூன்று வகையினரைக் காண்பீர்கள்.

முதல் வகையினருக்குக் கொம்பு தடுக்கும். தமிழில் ‘கெ, கே, கை, கொ, கோ’ ஆகியவற்றில் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகக் கண்ணை நகர்த்தும் பிள்ளை முதலில் கொம்பைச் சந்தித்துத் திகைத்து நிற்கிறது. ‘கோழி’ என்பதை ‘கேழி’ என்று வாசித்தால் துணைக்காலை விட்டுவிட்டது என்று பொருள்; ‘காழி’ என்று வாசித்தால் கொம்பை விட்டுவிட்டது. இரண்டும் வெவ்வேறு பிழைகள், இரண்டையும் ‘தப்பு’ என்ற ஒரே சொல்லில் அடக்கினால் பிள்ளைக்கு எதுவும் விளங்காது. இவர்களுக்கு நாள்தோறும் பத்து நிமிடம் சொல்லட்டைப் பயிற்சி வேண்டும். பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் கேட்டால் எண்ணும் எழுத்தும் பயிற்சி நூல்கள் கிடைக்கலாம். இரண்டாம் வகையினர் சிறு சொற்களை வாசித்துவிடுவார்கள், ‘ஒளிச்சேர்க்கை’ போன்ற சொல்லில் மூச்சு நின்றுவிடும். கரும்பலகையில் ‘ஒளி – சேர்க்கை’ என்று பிரித்து எழுதி, வகுப்பு முழுவதையும் இரண்டு முறை சொல்ல வைத்துவிட்டுப் பாடத்துக்குள் போனால் அவர்களும் கூடவே வருவார்கள். மூன்றாம் வகையினர்தாம் நம் கண்ணுக்குத் தப்பிவிடுபவர்கள்: கடகடவென்று வாசிப்பார்கள், வாசித்தது என்னவென்று கேட்டால் மௌனம். அவர்களிடம் ஒவ்வொரு பத்திக்குப் பிறகும், “இதை உன் வீட்டில் தம்பியிடம் எப்படிச் சொல்வாய்?” என்று கேளுங்கள்.

எழுத்துப் பிழைக்கும் இதே பார்வை வேண்டும். ‘வாளப்பளம்’ என்று எழுதியவன் கவனக்குறைவானவன் அல்லன். நம் ஊர்ப் பேச்சில் காதில் விழுவதை அப்படியே எழுதியிருக்கிறான். அவன் காது சரியாகத்தான் கேட்கிறது.

போர்ஷன் பற்றி வழிகாட்டி ஆசிரியரோடு வாதாட வேண்டாம். அவருக்கும் தேர்வு, பதிவேடு, அதிகாரிகளின் வருகை என்று நெருக்கடி உண்டு. “என் பாடவேளையில் முதல் எட்டு நிமிடம் பிள்ளைகள் இதே பாடத்தை இருவர் இருவராக வாசிக்கட்டுமா?” என்று கேட்டுப் பாருங்கள், வாசிக்கப்படுவது அறிவியல் பாடமே என்பதால் அவர் மறுக்கக் காரணமில்லை. இணை சேர்ப்பதைச் சீட்டுக் குலுக்கிச் செய்யுங்கள். பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டால் பெரும்பாலும் தெரு வாரியாகத்தான் உட்காருவார்கள், அதன் பொருள் என்னவென்று நம் பக்கத்து ஊர்களில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. சீட்டு அதைச் சத்தமில்லாமல் கலைத்துவிடும்.

கடைசிப் பெஞ்சு மாணவனிடம் இன்னும் எதுவும் கேட்காதீர்கள். முதலில் மூன்று நாள் பாருங்கள். மதிய உணவுக்குப் பிறகு நிமிர்ந்து உட்காருகிறானா? அப்படியானால் பசியோ தூக்கமோ காரணமாக இருக்கலாம். காலை உணவுத் திட்டம் நம் சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. ஆனால் அது ஐந்தாம் வகுப்பு வரைக்குமான திட்டம். ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளை வெறும் வயிற்றோடு வரக்கூடும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்து மாணவனின் நோட்டைப் பார்த்து எழுதுகிறானா? அப்படியானால் கண்ணைச் சோதிக்க வேண்டும். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுமாறு வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், அதுவரை முன்வரிசைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். வாடிப்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கங்களில் மல்லிகைத் தோட்டம் உள்ள வீடுகளில் மொட்டு விரியுமுன் பறித்துச் சந்தைக்கு அனுப்ப வேண்டுமென்பதால் விடியுமுன்பே எழுந்துவிடுவார்கள், அவனும் எழுந்திருக்கலாம். சார்ட்டைத் தூக்கிக்கொண்டு அவனோடு சேர்ந்து நடக்கும் ஒரு நேரத்தில், “ஏன் தூங்குகிறாய்?” என்று கேட்காமல், “காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாய்?” என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு அவன் தலைகுனிவான், இரண்டாவதற்குப் பதில் சொல்வான்.

அவன் பூப்பறிக்கிறவன் என்று தெரிந்தால், அதை வகுப்பில் அவன் பெயரோடு சேர்த்துச் சொல்ல வேண்டாம். மலரின் பாகங்களை நடத்தும் அன்று பொதுவாக, “மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே ஏன் பறிக்கிறார்கள்? அது எப்போது விரியும்?” என்று கேட்டுவிட்டு, மேலே சொன்ன ஐந்து நொடியைக் கொடுங்கள். அந்த வகுப்பிலேயே அதற்கு மிகச் சரியான பதில் அவனிடம் இருக்கும். வெளியே நிறுத்துவது, பிறர் முன்னால் கேலி செய்வது போன்றவை ஒருக்காலும் கூடாது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது, அது பயிற்சி ஆசிரியருக்கும் பொருந்தும்.

நீங்கள் செய்யக்கூடாத இரண்டையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாறு வாரப் பயிற்சிக்குப் பிறகும் ஒரு பிள்ளைக்கு எழுத்துகள் குழம்பினால் ‘டிஸ்லெக்சியா’ (வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு) என்று நீங்களே எழுதிவிடாதீர்கள். குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றிருக்கிறது. ஆனால் அதைக் கண்டறிய வேண்டியவர்கள் வேறு. நீங்கள் பார்த்ததை வகுப்பாசிரியரிடம் சொல்லி, வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியருக்குத் தெரிவிக்கச் செய்யுங்கள். அடுத்தது, ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்ல வந்தால், “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் கொடுமை என்றால் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். பிள்ளை சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டு, அன்றே தலைமையாசிரியரிடம் கொண்டு செல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது. இவற்றில் எதையும் குறிப்பேட்டில் எழுத வேண்டாம். அது கல்லூரிக்கும் புறத் தேர்வாளருக்கும் போகும் நோட்டு. பிள்ளைகளின் பெயருக்குப் பதில் அ, ஆ, இ என்று குறியிட்டு எழுதுங்கள்.

கடைசி இரண்டு வாரத்தில் புதிதாக எதையும் தொடங்காமல், வாசிப்புப் பயிற்சி பெற்ற பத்துப் பேரைப் பற்றி ஆளுக்கு மூன்று வரி வீதம் ஒரு தாளில் எழுதுங்கள்: தொடங்கியபோது எங்கே தடுக்கியது, இப்போது எதுவரை வந்திருக்கிறார், அடுத்து எது. அதை வகுப்பாசிரியர் கையில் நேரில் கொடுங்கள். சொல்லட்டைகளையும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். நீங்கள் போகும் நாளைப் பிள்ளைகளிடம் ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள்; பின்வரிசை மாணவனிடம் மட்டும் அதைத் தனியாக, மற்றவர்களுக்கு முன்பே சொல்லுங்கள்.