அரைக் கட்டை

வணக்கம் சார்,

எங்கள் சேலம் குகைப் பகுதியின் ஆடித் திருவிழா வண்டி வேடிக்கை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின் இதை உங்களிடம் கேட்கலாம் என்று தோன்றியது. எனக்கு வயது 46. செவ்வாய்ப்பேட்டையில் அப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்தார். இப்போது நான் பார்க்கிறேன்.

1993-இல், நான் ஒன்பதாவது படிக்கும்போது, ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படித்த பையன் ஒருவன் லீவுக்கு மலையிறங்கி வந்தான். பையில் ஒரு கேசட். மெட்டாலிகா என்ற அமெரிக்க ராக் குழுவின் 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பம். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருந்த ரெக்கார்டிங் கடையில் கொடுத்து ஒரு சி-60இல் பதிந்து வாங்கினேன். ஆட்கள் வீட்டுக்குப் போனபிறகு பட்டறையில் தனியாக உட்கார்ந்து கேட்பேன். ஒருநாள் மெருகு போடும் அண்ணன் மறந்துவிட்ட டிபன் கேரியரை எடுக்கத் திரும்பி வந்தார். கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, "ரேடியோ ரிப்பேருங்களா தம்பி?" என்றார். சேலத்தில் என்னைத் தவிர அந்தப் பாட்டைக் கேட்ட இன்னொரு ஆள் அவர்தான்.

பிறகு 18 வருஷம் கழித்து, 2011 அக்டோபர் 30, பெங்களூர் அரண்மனை மைதானம். தீபாவளி முடிந்த நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. ஊருக்கு வந்தவர்கள் எல்லாரும் பெங்களூர் திரும்பும் நாள். கிருஷ்ணகிரி வரை நின்றுகொண்டே போனேன். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் குர்கானில் நடக்க வேண்டிய கச்சேரி ரத்தாகி, கூட்டம் மேடையேறி அடித்து நொறுக்கியிருந்தது. இங்கேயும் அப்படி ஆகிவிடுமோ என்று தொப்பூர்க் கணவாயிலிருந்தே வயிற்றைக் கலக்கியது.

ஆகவில்லை. விளக்கு அணைந்தது. அவர்கள் எப்போதும் முதலில் போடும் அந்தப் பழைய கௌபாய் படத்து இசை வந்தது. அழுதுவிட்டேன். அப்புறம் கிட்டார் ஆரம்பித்தது. சார், அது என் மெட்டாலிகா இல்லை. எல்லாம் ஒரு படி கீழே இறங்கிப்போய்க் கிடந்தது. நான் உயிராக நினைத்த, போரில் கை கால் போன அந்தச் சிப்பாயின் பாட்டும் அப்படியேதான். போதாக்குறைக்கு நெஞ்சில் உலக்கை போட்டு இடிக்கிற மாதிரி ஒரு பேஸ் கிட்டார். என் டேப்பில் அந்தச் சத்தமே கிடையாது. சவுண்ட் செட்காரன் கெடுத்துவிட்டான், இவர்களுக்கும் வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஊருக்கு வந்து எல்லாரிடமும் "செம" என்று சொன்னேன். மனைவியிடமும் அதையேதான். (டிக்கெட் விலையைப் பாதியாகச் சொன்னேன், அது வேறு.)

இப்போது மகள் கிட்டார் கற்கிறாள். போன மாதம் அந்த டேப்பை எடுத்துப் போட்டேன். கூடவே வாசித்துப் பார்த்தவள், "அப்பா, எதுவுமே சேர மாட்டேங்குது. உங்க டேப்பே தப்பு" என்கிறாள். கடைசிப் பாட்டு இரண்டு நிமிஷத்தில் அறுந்துபோகும், அந்தக் குறை எனக்கே தெரியும். மற்றது எல்லாம் சரிதானே? 14 வருஷமாக யாரிடமும் சொல்லாததைக் கேட்கிறேன். அன்றைக்கு ஏமாந்தது நான்தானா? நான் ரசிகன்தானா?

ஆர்.,
சேலம்

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் மகள் சொன்னதுதான் சரி. டேப் தப்பு. அதை நிரூபிக்கும் சாட்சியையும் நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்: இரண்டு நிமிஷத்தில் அறுந்துபோகும் கடைசிப் பாட்டு.

அந்த ஆல்பம் மொத்தம் 65 நிமிடம். சி-60இல் பக்கத்துக்கு 30 நிமிடம்தான். இரண்டாம் பக்கத்தில் ஐந்து பாட்டுகள் இருக்கின்றன. அவற்றில் முதல் நான்கே ஏறத்தாழ 30 நிமிடத்தைத் தின்றுவிடும். ஆக, நியாயமாக அந்தக் கடைசிப் பாட்டு உங்கள் டேப்பில் இருக்கவே கூடாது. கம்பெனிக்காரன் தாராள மனசோடு நாடாவைக் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றியிருந்தாலும் அரை நிமிடம் கேட்டிருக்கலாம். இரண்டு நிமிடம் எப்படி வந்தது?

கடைக்காரர் பதிவு செய்த டெக் மெதுவாக ஓடியிருக்கிறது. கேசட் நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்தால் வேகம் குறையும். காலையிலிருந்து ராத்திரி வரை பதிவு ஓடிக்கொண்டே இருக்கும் கடையில் பெல்ட் தளராமல் என்ன செய்யும்? மெதுவாக ஓடும் டெக்கில் பதிந்தால் அதே நாடாவில் கூடுதலாகப் பாட்டு அடங்கும். 6 விழுக்காடு மெதுவாக ஓடியிருந்தால், கணக்குப் போட்டுப் பாருங்கள், 30 நிமிட நாடாவில் கிட்டத்தட்ட 32 நிமிடம் ஏறும். உங்கள் இரண்டு நிமிடம் அங்கே இருக்கிறது.

அந்த டேப்பை வீட்டில் சரியாக ஓடும் செட்டில் போட்டால் எல்லாம் 6 விழுக்காடு வேகமாக ஓடும். வேகம் ஏறினால் சுருதியும் ஏறும். அந்த 6 விழுக்காடு என்பது கிட்டத்தட்ட துல்லியமாக அரைக் கட்டை, அதாவது கிட்டாரில் ஒரு கட்டம். பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு அதைப் பாடியபோது அவருக்கு 24 வயது. பழைய பஸ் ஸ்டாண்ட் பெல்ட் அவரை இன்னும் இரண்டு மூன்று வயது இளையவராக்கி உங்களிடம் அனுப்பியிருக்கிறது.

இனி மேடைக்கு வருவோம். மெட்டாலிகா 1990-களின் நடுவிலிருந்து மேடையில் கிட்டார்க் கம்பிகள் எல்லாவற்றையும் அரைக் கட்டை தளர்த்தித்தான் வாசிக்கிறார்கள். பாடகரின் தொண்டையைக் காப்பாற்றத்தான் இது. 2011-இல் ஹெட்ஃபீல்டுக்கு 48 வயது. ஆக, உங்கள் டேப் அரைக் கட்டை மேலே, மேடை அரைக் கட்டை கீழே. நடுவில் முழுசாக ஒரு கட்டை. உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. பக்கத்தில் நின்று குதித்துக்கொண்டிருந்த பெங்களூர்ப் பையன் சிடியில் கேட்டவனாக இருந்தால் அவனுக்கு அரைக் கட்டைதான் வித்தியாசம், அதை அவன் கவனித்திருக்கவே மாட்டான்.

இதை வயதாகிவிட்டதன் தோல்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் ஊரிலும் சுருதி இறங்கிக்கொண்டேதான் வந்திருக்கிறது. மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று எட்டாத கட்டையில் பாடினார்கள், மைக் வந்தபின் இறங்கினார்கள். நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை, சுருதி ஏறிய குட்டையான திமிரி நாயனத்தை விட்டுச் சுருதி குறைந்த நீள நாயனத்துக்கு மாறினார், இன்று மேடைகளில் நாம் கேட்பது அதன் வழி வந்ததுதான். தொண்டையையும் மூச்சையும் வைத்துப் பிழைப்பவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு நாள் செய்யும் ஏற்பாடு இது. பழைய கட்டையிலேயே நின்று உடைந்த குரலில் கத்தும் கிழட்டு ராக் பாடகர்களையும் நான் கேட்டிருக்கிறேன். அதற்கு இது ஆயிரம் மடங்கு மேல்.

பேஸ் விஷயத்தில்தான் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். அந்த ஆல்பத்தின் மூலப் பதிவிலேயே பேஸ் கிடையாது. அதாவது வாசித்திருக்கிறார்கள், கேட்காது. 1986-இல் ஸ்வீடனில் பஸ் கவிழ்ந்து, அவர்களுக்கு பேஸ் வாசித்துவந்த கிளிஃப் பர்ட்டன் இறந்துபோனார். அவர் இடத்துக்கு வந்தவர் ஜேசன் நியூஸ்டெட். அவர் சேர்ந்தபின் வந்த முதல் முழு ஆல்பம் அது. அதில்தான் அவருடைய பேஸை ஏறக்குறைய இல்லாமலே செய்துவிட்டார்கள். டிரம்ஸ்காரர் லார்ஸ் உல்ரிச் சொல்லித்தான் குறைத்தோம் என்று மிக்ஸிங் செய்தவர்களில் ஒருவரே பின்னாளில் சொன்னார். உலகம் முழுக்க ரசிகர்கள் இன்றுவரை இதைச் சொல்லிப் புலம்புகிறார்கள். ஆக, டேப் செய்த தப்பை அசல் என்று நம்பினீர்கள். அசலில் இருந்த குறையையும் அசல் என்று நம்பினீர்கள், அதில் மட்டும் தற்செயலாகச் சரியாகப் போய்விட்டது. கடைசியில் அரண்மனை மைதானத்தில் குறை நீங்கி வந்ததை சவுண்ட் செட்காரன் தலையில் போட்டுவிட்டீர்கள்! பாவம் அவர்.

அந்த உலக்கையில் பாதி, காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மாக இருக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். மீதிப் பாதி 2003-இல் சேர்ந்த ராபர்ட் ட்ருஹியோ, முழங்காலருகே தொங்கும் பேஸை விரலாலேயே வாசிப்பவர். சிப்பாயின் பாட்டில் 1988-இல் அழித்துவிட்ட ஒரு பகுதியை நீங்கள் அந்த ராத்திரிதான் முதல்முறையாகக் கேட்டீர்கள். உங்கள் நெஞ்சுக்கு அது தெரிந்திருக்கிறது. காதுதான் டேப்புக்கு விசுவாசமாக நின்றிருக்கிறது.

எனக்கும் இப்படி ஒரு டேப் உண்டு. 80-களின் கடைசியில் அஸ்தம்பட்டியில் அறை எடுத்துத் தங்கிப் படித்தபோது, வெள்ளைத்தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்துப் பதிவு செய்து வாங்கியது. ஒரு பாட்டில் பதிவின் நடுவே கரண்ட் போய் வந்திருக்கிறது. நாடா இழுபட்டு நின்று, பிறகு ஒரு 'டுக்' சத்தத்தோடு பாட்டு தொடரும். இன்றும் அதே பாட்டைக் கல்யாண வீட்டிலோ டவுன் பஸ்ஸிலோ கேட்டால் அந்த இடம் வரும்போது என் உடம்பு ஒரு கணம் நின்று அந்த 'டுக்'குக்காகக் காத்திருக்கிறது. வராது. ஏதோ ஒன்றை வெட்டி எடுத்துவிட்டதுபோல இருக்கும். அந்தப் பாட்டைப் பாடியவர் நேரில் வந்து என் எதிரே உட்கார்ந்து பாடினாலும் எனக்கு அந்தக் குறை இருக்கும். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அதனால்தான் ரசிகன்தானா என்ற உங்கள் கேள்வி எனக்கு விசித்திரமாகப் படுகிறது. அந்த மைதானத்தில் நின்ற கூட்டத்தில், மேடையிலிருந்து வந்தது தன் பாட்டிலிருந்து முழுசாக ஒரு கட்டை விலகியிருக்கிறது என்று உடம்பால் உணரும் அளவுக்கு அந்த டேப்பைக் கேட்டுக் கேட்டுத் தேய்த்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? நீங்கள் கிருஷ்ணகிரி வரை நின்றுகொண்டே போய்த் தேடியது, மெருகு போடும் அண்ணனும் நீங்களும் கேட்ட மெட்டாலிகாவை. அந்தக் குழு செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் மட்டும்தான் வாசித்தது. பெங்களூரில் வேறு நால்வர் வாசித்தார்கள், நன்றாகவே வாசித்தார்கள் என்றுதான் நினைக்கிறேன். 'செம' என்று நீங்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. டிக்கெட் விலை விஷயத்தில் நான் தலையிடுவதாக இல்லை.

டேப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். யாராவது ரிப்பேர்காரர் மோட்டாரின் பின்னால் இருக்கும் துளையில் சின்ன ஸ்க்ரூ டிரைவரை விட்டு வேகத்தைக் குறைத்து 'சரி' செய்து தருகிறேன் என்பார். விடாதீர்கள். அதற்குப் பதில் மகளிடம் சொல்லி கிட்டாரின் முதல் கட்டத்தில் கேப்போ, அதாவது கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப், போடச் சொல்லுங்கள். எல்லாக் கம்பியும் அரைக் கட்டை ஏறும், உங்கள் டேப்போடு சேரும். பெல்ட் கணக்குப் பார்த்துத் தளர்ந்திருக்காது என்பதால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அதை அவள் காதால் சரிக்கட்டிக்கொள்வாள். இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டில் மட்டும், இரண்டாவது நிமிஷம் நெருங்கும்போது, அவளைக் கையை எடுக்கத் தயாராக இருக்கச் சொல்லுங்கள்.