மேட்ச் நேரத்தில் சேனலைத் தூக்கிவிட்டார்கள்: டிவி கம்பெனியிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். டெக்ஸாஸில், ஹூஸ்டன் பக்கம் குடியிருக்கிறோம். என் மகள் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் வாலிபால் அணியில் ஆடுகிறாள். மதுரையிலிருந்து என் அம்மா வந்திருந்தார். முழங்கால் வலி, மைதானத்துக்கு அழைத்துப் போக முடியாது. பேத்தி ஆடுவதை அவர் வீட்டிலேயே பார்க்கட்டும் என்றுதான் ஜூலையில் விளையாட்டு பேக்கேஜோடு டிவி இணைப்பு எடுத்து, இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். விளையாட்டு பேக்கேஜுக்கு மட்டும் மாதம் 25 டாலர் கூடுதல். "ஏபிசி, இஎஸ்பிஎன், எஸ்இசி நெட்வொர்க் எல்லாம் வரும், சீசன் முழுக்கப் பார்க்கலாம்" என்று விற்பனையாளர் சாட்டில் எழுதிய பதிவு என்னிடம் இருக்கிறது. சீசன் நடுவே ஒரு வியாழக்கிழமை மாலை அந்தச் சேனல்கள் அத்தனையும் போய்விட்டன. சேனல் கம்பெனியோடு பேச்சுவார்த்தை நடக்கிறது என்று திரையில் ஒரு அறிவிப்பு மட்டும். 12 நாள் கழித்துத்தான் திரும்பி வந்தன. அதற்குள் மூன்று வாலிபால் ஆட்டம், ஏபிசியில் வந்த ஒரு அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம் எல்லாம் முடிந்துவிட்டன. மூன்றாவது வாலிபால் ஆட்டத்தை மட்டும், இஎஸ்பிஎன் செயலிக்குத் தனியாக 29.99 டாலர் கட்டிப் பார்த்தோம். அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டார். பில்லில் ஒரு சென்ட் குறையவில்லை. கேட்டால், "சேனல்கள் மாறலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது" என்கிறார்கள். விலகினால் அபராதமாம். நம்ம ஊரில் முக்கியமான கிரிக்கெட் மேட்ச்சை தூர்தர்ஷனுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே, இங்கே அப்படி எதுவும் கிடையாதா? வழக்குப் போட முடியுமா?

பதில்: வணக்கம் சார். கம்பெனியின் பெயரையும் எழுதியிருந்தீர்கள். அதை இங்கே எடுத்துவிட்டேன், பதிலுக்கு அது தேவைப்படவில்லை.

முதலில் முடியாததைச் சொல்லிவிடுகிறேன். "சேனலை ஏன் நிறுத்தினாய், திரும்பக் கொடு" என்று கேட்டு நீங்கள் வழக்குப் போட முடியாது. இதில் இரண்டு ஒப்பந்தங்கள் இருக்கின்றன. ஒன்று சேனல் கம்பெனிக்கும் டிவி கம்பெனிக்கும் இடையில், மற்றது டிவி கம்பெனிக்கும் உங்களுக்கும் இடையில். சண்டை நடந்தது முதல் ஒப்பந்தத்தில். அதில் நீங்கள் கட்சிக்காரர் இல்லை. ஒரு சந்தாதாரருக்கு எத்தனை டாலர், எந்த பேக்கேஜில் எந்தச் சேனல் என்று அவர்கள் பேசுவதில் உங்களுக்குச் சட்டப்படி இடமில்லை. சேனல்களை மொத்தமாகக் கட்டி நம் தலையில் சுமத்துகிறார்களே என்று கலிஃபோர்னியாவில் சந்தாதாரர்கள் சேர்ந்து போட்ட பிராண்ட்லி வழக்கைக்கூட, ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2012-இல் ஏற்கவில்லை.

தூர்தர்ஷனைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் நினைவு சரிதான். தேச முக்கியத்துவம் உள்ளவை என்று அரசு அறிவிக்கும் ஆட்டங்களின் ஒளிபரப்பைப் பிரசார் பாரதியோடு பகிர்ந்தே ஆக வேண்டும் என்று 2007-இல் இந்தியாவில் சட்டம் வந்தது. அமெரிக்காவில் அதற்கு இணையாக ஒன்றும் கிடையாது. கல்லூரி விளையாட்டில் நிலைமை இன்னும் சிதறல். ஒரு காலத்தில் எந்த ஃபுட்பால் ஆட்டம் டிவியில் வர வேண்டும் என்பதை கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பே முடிவு செய்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா தரப்பு போட்ட வழக்கில் 1984-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தது. அதன்பின் கல்லூரி அணிகளின் கூட்டமைப்பான ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் தன் உரிமையைத் தானே விற்கிறது, சில தங்களுக்கென்று சேனலும் தொடங்கின. எஸ்இசி நெட்வொர்க் அப்படி வந்ததுதான். பிக் டென் என்ற கான்ஃபரன்ஸின் நெட்வொர்க் 2007 ஆகஸ்ட் 30-இல் தொடங்கியது. இரண்டே நாளில், செப்டம்பர் 1 அன்று, அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற சின்ன அணி மிச்சிகன் மண்ணிலேயே மிச்சிகனை 34–32 என்று வீழ்த்தியது. கல்லூரி ஃபுட்பாலின் மிகப் பெரிய அதிர்ச்சித் தோல்விகளில் ஒன்று அது. ஆட்டம் அந்தப் புதுச் சேனலில் வந்ததால், காம்காஸ்ட் கேபிள் வைத்திருந்த மிச்சிகன் வீடுகளில் அதைப் பார்க்க முடியவில்லை. காம்காஸ்ட் அந்தச் சேனலைத் தன் கேபிளில் கொடுக்கத் தொடங்கியது மறு ஆண்டில்தான்.

இந்தச் சண்டைகள் எப்போது வெடிக்கின்றன என்று பாருங்கள். சார்ட்டர் நிறுவனத்தின் ஸ்பெக்ட்ரம் கேபிளில் ஏபிசி, இஎஸ்பிஎன் அடங்கிய டிஸ்னி சேனல்கள் போனது 2023 ஆகஸ்ட் 31 இரவு. அன்றுதான் இஎஸ்பிஎன்னில் ஃப்ளோரிடா–யூட்டா ஆட்டம். ஏறக்குறைய 1.5 கோடி சந்தாதாரர்களுக்குத் திரை இருண்டது. செப்டம்பர் 11-இல், திங்கள் இரவு என்எஃப்எல் தொழில்முறை ஃபுட்பால் ஆட்டம் தொடங்கச் சில மணி நேரம் இருக்கும்போது உடன்பாடு வந்தது. அடுத்த ஆண்டு டைரக்டிவி என்ற கம்பெனியில் அதே சேனல்கள் 2024 செப்டம்பர் 1, யுஎஸ்சி–எல்எஸ்யு ஆட்டத்தன்று போய், 14-ஆம் தேதி சனிக்கிழமை திரும்பின. யூடியூப் டிவியில் அவை இல்லாமல் போனது 2025 அக்டோபர் 30 முதல் நவம்பர் 14 வரை, அதாவது இரண்டு முழுச் சனிக்கிழமைகள். ஒப்பந்தத் தவணை சீசன் சமயத்தில் முடிந்தால் யாருக்கு நெருக்கடி அதிகம் என்பது இரு தரப்புக்கும் தெரியும். ரசிகரின் தவிப்புதான் அங்கே பேரத்துக்குக் கருவி. அரசுப் பல்கலைக்கழகத்துக்குக் கல்விக் கட்டணமும் வரியும் கட்டுகிற பெற்றோர், தன் பிள்ளை ஆடுவதைப் பார்க்க இரண்டு தனியார் கம்பெனிகள் கைகுலுக்கும் வரை காத்திருக்க வேண்டும் என்பதை என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை. ஆனால் இன்றைய சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

நீங்கள் இழந்தவற்றில் ஏபிசி வேறு, எஸ்இசி நெட்வொர்க் வேறு. ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ் போன்றவை காற்று வழியாக இலவசமாக வரும் நிலையங்கள். 1992-இல் வந்த கேபிள் சட்டப்படி, அவற்றை டிவி கம்பெனிகள் மறு ஒளிபரப்புச் செய்ய நிலையத்தின் ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதலுக்காக இரு தரப்பும் நல்லெண்ணத்தோடு பேச வேண்டும் என்பது அமெரிக்க அரசின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் விதி. அதை மீறியதாகக் கம்பெனிகள்தான் ஒன்றன் மேல் ஒன்று புகார் கொடுக்கலாம். 2024-இல் டைரக்டிவி டிஸ்னி மீது அப்படி ஒரு புகார் கொடுத்தது. எஸ்இசி நெட்வொர்க், இஎஸ்பிஎன் போன்ற கேபிள் சேனல்களுக்கு அந்த விதியின் காவல்கூட இல்லை. அவை முழுக்க வியாபார ஒப்பந்தங்கள்.

இனி உங்களால் முடிவது. உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ஜூலை மாதச் சாட் பதிவு.

"சேனல்கள் மாறலாம்" என்ற வரி அநேகமாக எல்லா கம்பெனி ஒப்பந்தத்திலும் இருக்கிறது. அதை மட்டும் வைத்துப் பார்த்தால், 12 நாள் சேனல் இல்லாததை ஒப்பந்த மீறல் என்று நிரூபிப்பது கஷ்டம். ஆனால் சேனல் கம்பெனியோடு தனக்கிருக்கும் ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது என்பது, உங்களை இரண்டு வருடத்துக்குக் கட்டிப்போடும்போதே டிவி கம்பெனிக்குத் தெரியும். அதைச் சொல்லாமல், "சீசன் முழுக்கப் பார்க்கலாம்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். டெக்ஸாஸின் ஏமாற்று வணிகத் தடைச் சட்டத்தில் இதற்கு நேரான பிரிவு இருக்கிறது. விற்கும் சமயத்தில் தெரிந்த ஒரு தகவலை, அது தெரிந்தால் வாங்கமாட்டார் என்பதற்காகவே மறைப்பது அந்தச் சட்டப்படி ஏமாற்று. சேவையில் இல்லாத தன்மையை இருப்பதாகச் சொல்வதும் அப்படியே. ஆகவே உங்கள் புகார் சேனல் இருண்ட நாளில் தொடங்கக் கூடாது, கையெழுத்துப் போட்ட நாளில் தொடங்க வேண்டும். அந்தச் சாட் பதிவைத் தேதி தெரியும்படி இன்றே சேமித்து, இன்னொரு இடத்திலும் பிரதி வையுங்கள்.

அடுத்து ஒரு கடிதம். கஸ்டமர் கேர் தொலைபேசியில் இனிப் பேச வேண்டாம், எழுத்தில்தான் கேட்க வேண்டும். பேக்கேஜுக்கு மாதம் 25 டாலர் என்றால் 12 நாளுக்கு 10 டாலர். அதோடு இஎஸ்பிஎன் செயலிக்குக் கட்டிய 29.99 டாலரையும் சேருங்கள். நஷ்டத்தைக் குறைக்க நீங்களே எடுத்த முயற்சியின் செலவு என்பதால் அதைக் கேட்பது நியாயமானது. பில்லில் "பிராட்காஸ்ட் டிவி கட்டணம்" என்று தனி வரி இருக்கிறதா பாருங்கள். ஏபிசியைக் கொடுக்காத நாட்களுக்கும் அந்தக் கட்டணத்தை முழுசாக வசூலித்திருந்தால், அந்தப் பங்கையும் கேளுங்கள். கடைசியாக, அபராதம் இல்லாமல் ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கக் கேளுங்கள். என் கணிப்பில் உங்களுக்கு உண்மையான லாபம் இந்தக் கடைசிக் கோரிக்கையில்தான் இருக்கிறது. 40 டாலருக்குச் சண்டை போடுவதைவிட, இன்னும் ஒன்றரை வருடக் கட்டிலிருந்து வெளியே வருவது பெரிது. யூடியூப் டிவி 2025 தகராறின்போது சந்தாதாரர்களுக்கு 20 டாலர் கழிவு கொடுத்ததையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். அது உங்கள் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் இந்தத் தொழிலில் கழிவு கொடுப்பது வழக்கத்தில் உள்ளது என்று காட்டும்.

டெக்ஸாஸ் சட்டப்படி வழக்குக்கு 60 நாள் முன்பாக இப்படி எழுத்தில் அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். வழக்குப் போடக் கெடு இரண்டு வருடம். கடிதம் போன அன்றே எஃப்சிசியின் இணையதளத்தில் புகாரும் பதியுங்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். கம்பெனி 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்தப் புகார்கள் கம்பெனியில் சாதாரண கஸ்டமர் கேருக்குப் போவதில்லை. முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள பிரிவுக்குப் போகின்றன. நீங்கள் கேட்ட விடுதலை பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.

கிடைக்கவில்லை என்றால் நீதிமன்றம். உங்கள் ஒப்பந்தத்தில் நடுவர் மூலம்தான் தீர்க்க வேண்டும், கூட்டு வழக்கில் சேரக் கூடாது என்ற நிபந்தனை அநேகமாக இருக்கும். அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் கான்செப்சியன் வழக்கில் சொல்லிவிட்டது. அந்த வழக்கே 30 டாலர் 22 சென்ட் விற்பனை வரியைப் பற்றியதுதான். சிறு தொகைக்கு யாரும் தனியாக வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் கம்பெனிகள் அந்த நிபந்தனையை வைக்கின்றன. ஆனால் சிறு வழக்குகளுக்கு விலக்கு உண்டு என்ற வரியும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும், தேடிப் பாருங்கள். இருந்தால் உங்கள் வட்டாரத்து ஜஸ்டிஸ் கோர்ட்டில் நீங்களே வாதாடலாம். அங்கே 20,000 டாலர் வரைக்குமான வழக்குகளை எடுப்பார்கள். தெரிந்தே ஏமாற்றினார்கள் என்று நிரூபணமானால் பண நஷ்டத்தின் மூன்று மடங்கு வரை கிடைக்க வழியுண்டு. ஆதாரமே இல்லாமல் தொல்லை கொடுக்கப் போட்ட வழக்கு என்று நீதிபதி கருதினால், எதிர்த்தரப்பு வக்கீல் செலவு உங்கள் தலையில் விழும். கையில் சாட் பதிவு இருப்பதால் உங்களுக்கு அந்தப் பயம் வேண்டாம்.

அம்மாவின் ஏமாற்றத்துக்கு இழப்பீடு கேட்க வேண்டாம். ஆட்டம் பார்க்க முடியாத மன வருத்தத்துக்கு நீதிமன்றம் பணம் கொடுக்கும் என்று நான் நம்பவில்லை. அதைச் சேர்த்தால் வலுவான உங்கள் கோரிக்கை இளைத்துப்போகும்.

இப்படிச் சேனல் போனால் கம்பெனியே கழிவு கொடுக்க வேண்டும் என்று எஃப்சிசி 2024 ஜனவரியில் ஒரு விதியை முன்மொழிந்தது. அது இன்னும் முன்மொழிவாகவே நிற்கிறது. விதியாக வந்திருந்தால் நீங்கள் எனக்கு இவ்வளவு நீளமாக எழுத வேண்டி இருந்திருக்காது.

அடுத்த சீசனுக்கு ஒன்று. அந்த ஃபுட்பால் ஆட்டம் உங்கள் வீட்டுக்குக் காற்றில் இலவசமாக வந்துகொண்டுதான் இருந்தது. ஹூஸ்டனின் டிவி கோபுரங்கள் மிசௌரி சிட்டி பக்கம் இருக்கின்றன. ஏபிசி அங்கே சேனல் 13. அது விஎச்எஃப் அலைவரிசை என்பதால், அந்த அலைவரிசையையும் பிடிக்கும் ஆன்டெனாவாகக் கேட்டு வாங்குங்கள். சிலது யுஎச்எஃப் மட்டும்தான் பிடிக்கும். குடியிருப்போர் சங்கம் ஆன்டெனா வைக்கக் கூடாது என்று சொன்னால், 1996-இல் வந்த எஃப்சிசி விதியைக் காட்டுங்கள். உங்கள் தனிப் பயன்பாட்டில் உள்ள இடத்தில் டிவி ஆன்டெனா வைப்பதைச் சங்கமோ வீட்டு உரிமையாளரோ தடுக்க முடியாது. வாடகை வீட்டுப் பால்கனிக்கும் அது பொருந்தும். பாதுகாப்புக்கான நிபந்தனைகளை அவர்கள் விதிக்கலாம். வாலிபால் வரும் எஸ்இசி நெட்வொர்க் காற்றில் வராது. அதற்குச் செயலிதான் வழி, தேவைப்படும் மாதங்களுக்கு மட்டும் கட்டி நிறுத்திக்கொள்ளலாம். நண்பர் அனுப்பும் திருட்டு லிங்க்குகள் பக்கம் போக வேண்டாம். உங்கள் கார்டு விவரம் எங்கே போகிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

போன ஆட்டங்கள் முழுசாகப் போய்விட்டதாக நினைக்க வேண்டாம். சேனல்கள் திரும்பி வந்ததால், டிவி கம்பெனி கணக்கைக் கொண்டு இஎஸ்பிஎன் செயலிக்குள் மறுபடி நுழைய முடியும். முடிந்த ஆட்டங்களின் மறுபதிவுகளை அங்கே சில காலம் வைத்திருப்பார்கள், இந்த வாரமே தேடிப் பாருங்கள். இந்தியாவிலிருந்து அந்தச் செயலியில் இந்த ஆட்டங்களைப் பார்க்க முடியாது. அதனால் மகளின் அணியை நடத்தும் விளையாட்டுத் துறைக்கு இரண்டு வரி எழுதிப் பதிவு கேளுங்கள். பயிற்சிக்காக ஒவ்வொரு ஆட்டத்தையும் அணிகள் தாங்களே படம் பிடிப்பது வழக்கம். மதுரையில் காத்திருக்கும் பாட்டிக்கு என்று காரணத்தையும் எழுதுங்கள்.